பனியன் துணியில் உலக வரலாறு

வேல்விழி எங்கள் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. இதை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? தாராபுரம் ரோட்டில் இருக்கும் எங்கள் மெட்ரிகுலேஷன் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரலாறு என்றால் விஜயகுமாரி டீச்சர்தான். நான் வகுப்புக்குச் சார்ட்டும் கொண்டு போனதில்லை, மேப்பும் கொண்டு போனதில்லை. எனக்கு வாய் போதும். நெப்போலியனின் படை ரஷ்யப் பனியில் திரும்பி நடந்ததை நான் சொன்னால், மார்ச் மாதத் திருப்பூர் வெயிலிலும் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு ஒடுங்கி உட்காரும்.

அப்போதுதான் ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுக்க இவள் வந்தாள். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்து மகளை எம்.ஏ. வரை படிக்க வைத்திருக்கிறாள். மகள் சும்மா இல்லாமல் கம்ப்யூட்டரில் டிசைன் போடவும் கற்றுக்கொண்டுவிட்டாள். வந்த வேகத்தில் ஒன்பதாம் வகுப்புச் சுவரில் பெரிய ஃப்ளெக்ஸ் ஒன்றை மாட்டினாள். உலக வரலாறு முழுவதும் அந்த ஒரே படத்தில் இருந்தது. மேலே ஆண்டுகள் வரிசையாக ஓடின. கீழே நாட்டுக்கு ஒரு பட்டை. ராஜா என்றால் கிரீடம், போர் என்றால் வாள், சாவு என்றால் மண்டையோடு.

"வந்து பாருங்கக்கா, எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றாள். அக்கா என்று வேறு கூப்பிடுவாள்.

குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். 1520 என்று போட்டிருந்த இடத்தில் மேலிருந்து கீழே ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. அந்தக் கோட்டில் ஜெர்மனியில் லூதர், காபூலில் பாபர், ஹம்பியில் கிருஷ்ணதேவராயர். மூன்று பேரையும் தனித்தனிப் பாடமாக எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். மூவரும் ஒரே காலத்தில் உயிரோடு நடமாடியவர்கள் என்று எனக்கு ஒரு நாளும் உறைத்ததில்லை. ஒரு நிமிடம் வாயைப் பிளந்து புல்லரித்து நின்றேன். இதை இவளா எனக்குக் காட்ட வேண்டும் என்று அடுத்த நிமிடமே உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது.

விடுவேனா? தேடித் தேடி ஒரு குறை பிடித்தேன். முதல் உலகப் போரைவிட இரண்டாவதில் சாவு மூன்று மடங்கு என்று மண்டையோட்டை மூன்று மடங்கு உயரமாகப் போட்டிருந்தாள். உயரத்தோடு அகலமும் ஏறியதால் பார்க்க ஒன்பது மடங்காகத் தெரிந்தது. "படம் பொய் சொல்லுதுங்களே" என்றேன். "அட ஆமாக்கா!" என்றவள், மறுநாளே அதை மாற்றிவிட்டுப் பிள்ளைகள் முன்னால் எனக்கு நன்றியும் சொன்னாள். குறை சொன்னவளுக்கே மாலை போட்டால் பிறகு என்னதான் பேசுவது?

அந்தச் சமயத்தில் ஹெச்.எம். ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "நம்ம ஸ்கூல் எக்ஸிபிஷன்ல கரஸ்பாண்டென்ட் வந்து பாக்கட்டுங்க. அடுத்த வருசம் டென்த் ஹிஸ்டரி யாருக்குன்னு அவரே சொல்லட்டும்."

கரஸ்பாண்டென்ட் லிங்கசாமி, பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனி முதலாளி. நானும் ஒரு படம் செய்வேன், அதையும் பனியன் துணியிலேயே அடிப்பேன், பார்த்ததும் மனுஷன் உருகிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். என் கணவர் செல்வக்குமார் டி-ஷர்ட்டுக்கு நெஞ்சில் பூ, பொம்மை அடித்துக் கொடுக்கும் சின்னப் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறார்.

"பனியன் துணி இழுக்கும் விஜயா, தொங்கவுட்டா நீண்டு போயிரும். காடாத் துணியில அடிச்சுக்கலாம்" என்றார்.

"அவ பளபளன்னு ஃப்ளெக்ஸ்ல அடிப்பா, நா காடாத் துணியிலயா? நா செயிக்கறது உங்களுக்கே புடிக்கலீங்களா?" என்றேன். அவர் போய்ப் பனியன் துணியையே எடுத்து வந்து மேஜையில் விரித்தார்.

எதை எதைப் போடுவது என்று உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை. அவள் ஃப்ளெக்ஸை முறைத்து முறைத்துப் பார்த்ததில் கண்ணை மூடினால் அதன் ஒவ்வொரு கட்டமும் தெரிந்தது. அதையே எடுத்துக்கொண்டேன். நிறத்தை மாற்றினேன், வாளுக்குப் பதில் பீரங்கி போட்டேன், குறுக்கே ஓடிய ஆண்டுகளை மேலிருந்து கீழே இறக்கினேன்.

எக்ஸிபிஷன் அன்று காலையில் ஹாலில் தொங்கவிட்டு, சுருளாமல் நிற்கட்டும் என்று அடியில் ஒரு இரும்புக் கம்பியையும் கோத்தேன். மாட்டியபோது ராஜா மாதிரி இருந்தது. கரஸ்பாண்டென்ட் வருவதற்குள் கம்பி தரையைத் தொட்டுவிட்டது. பிரிண்ட் விழுந்த இடமெல்லாம் விறைப்பாக நின்றது. வெறும் துணி மட்டும் இழுபட்டு, படத்துக்கும் படத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியெல்லாம் நீண்டு கிடந்தது.

லிங்கசாமி வந்ததும் துணியை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தார். "சிங்கிள் ஜெர்சிங்களா? துணி நல்லாருக்குதுங்க டீச்சர்" என்றார். வரலாற்றை அவர் பார்க்கவே இல்லை. நேரே வேல்விழியின் ஃப்ளெக்ஸ் முன்னால் போய் நின்றார். ஒன்பதாம் வகுப்பு சித்ராதேவி குச்சியால் அந்தச் சிவப்புக் கோட்டைக் காட்டி விளக்கினாள்.

"அட, இவீங்க மூணு பேரும் ஒரே காலத்து ஆளுகளா!" என்று வாயைப் பிளந்தார். அன்றைக்கு நான் பிளந்த அதே வாய். என்னால் தாங்க முடியவில்லை.

"எல்லாஞ் சரிங்க வேல்விழி, தாது வருசப் பஞ்சம் எங்கீங்க?" என்று கேட்டேன். "1876ல நம்ம சனம் கொத்துக் கொத்தாச் செத்த பஞ்சம். எந்த நாட்டுல எவன் முடிசூட்டுனான்னெல்லாம் இருக்குது, இது இல்லீங்களே?"

அவள் முகம் செத்துவிட்டது. எனக்கு மோர் குடித்தது மாதிரி இருந்தது.

"1857க்கும் 1885க்கும் நடுவுல எடம் பத்தலக்கா" என்றாள் மெதுவாக. "படமும் ஒண்ணும் சரியா அமையல. அதான் விட்டுட்டேன்."

"எடம் பத்தலைன்னு உடற விசயமுங்களா அது?"

சித்ராதேவி திரும்பி என் துணியை ஒரு பார்வை பார்த்தாள். "மிஸ், உங்க சார்ட்டுலயும் இல்லீங்களே மிஸ்" என்றாள். அந்தப் பெண்ணுக்குக் கள்ளம் கபடு கிடையாது.

எல்லாரும் திரும்பினார்கள். 1857இன் பீரங்கிக்கும் 1885இன் காங்கிரஸ் கூட்டத்துக்கும் நடுவே வெள்ளைத் துணி இழுபட்டு வெறுமையாகக் கிடந்தது. அவளுக்கு இடம் பத்தவில்லை. என்னுடையதில் இலை போட்டுச் சாப்பாடே பரிமாறலாம். வருடா வருடம் வகுப்பில் நான் சொல்லும் பஞ்சம் அது. அவள் படத்தில் இல்லை, அதனால் என் படத்திலும் இல்லை.

"எங்கய்யன் அந்தப் பஞ்சத்தப் பத்திச் சொல்லுவாருங்க" என்றார் லிங்கசாமி. "நீங்க சொல்லுங்க டீச்சர், கேக்கலாம்."

சொன்னேன். மழை பொய்த்ததைச் சொன்னேன். எறும்புப் புற்றைத் தோண்டி, எறும்பு சேர்த்து வைத்திருந்த தானியத்தைப் பொறுக்கிக் கஞ்சி காய்ச்சியதைச் சொன்னேன். புற்றுக்குள் கையை விட்டவளின் விரலில் எறும்பு கடிக்கக் கடிக்க, மடியில் கிடந்த பிள்ளைக்காக அவள் கையை எடுக்காமல் இருந்ததைச் சொன்னேன். எத்தனை பேர் செத்தார்கள் என்று படம் சொல்லும், இதைச் சொல்லுமா? வேல்விழி துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

லிங்கசாமி தொண்டையைச் செருமினார். "அருமைங்க டீச்சர். இந்த மாதிரி கதையச் சின்னப் புள்ளைகளுக்குத்தானுங்க மொதல்ல சொல்லோணும். சிக்ஸ்த்த நீங்க எடுத்துக்குங்க. டென்த்துக்குப் பரிச்ச இருக்குது, பாத்தொடனே மனசுல நிக்கோணும். அத இந்தப் புள்ள பாத்துக்கட்டும்."

ஜூனில் பத்தாம் வகுப்புச் சுவரில் புது ஃப்ளெக்ஸ் ஏறியது. சாப்பாட்டு நேரத்தில் வகுப்பு காலியாக இருந்தபோது போய்ப் பார்த்தேன். 1857க்கும் 1885க்கும் நடுவே, மற்றதையெல்லாம் சிறிதாக்கி, இடம் ஒதுக்கியிருந்தாள். மண்டையோடு இல்லை. ஒரு எறும்புப் புற்று, அதற்குள் நுழைந்த ஒரு கை, அவ்வளவுதான். கீழே 'சொன்னவர்: விஜயகுமாரி டீச்சர்' என்று போட்டிருந்தாள். மேஜையிலிருந்த ஸ்கேலை எடுத்து வைத்து அளந்தேன். 1876 அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. மறுபடியும் அளந்தேன்.

"சரியா இருக்காக்கா?" பின்னால் டிபன் பாக்ஸோடு வேல்விழி நின்றுகொண்டிருந்தாள்.

"சரியாத்தான் இருக்குதுங்க" என்றேன்.

ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு செய்திருக்கக் கூடாதா இவள்?