ஓடெலின் வண்டிக்கு எர்த் கொடுத்த ஞாயிறு

விவாகரத்தின்போது வெல்மாவும் ஓடெலும் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள். வீடும் வேட்டை நாய்களும் அவளுக்கு. படகும் பெரிய ஐஸ் பெட்டியும் அவனுக்கு. பிரிக்க முடியாமல் போனது மான் வேட்டைக் கழகம் ஒன்றுதான். அதை விட்டு விலக இருவருமே மறுத்துவிட்டார்கள். எனவே ரோனோக் ஆற்றுச் சதுப்பில் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் இரண்டு பேரும் ஒரே மானைத் துரத்தினார்கள், ஒரே கொட்டகையில் காப்பி குடித்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஏளனம் செய்துகொண்டார்கள்.

சிக்னல் கிடைக்காத அந்தச் சதுப்பில் கைப்பேசி வெறும் கடிகாரம்தான். வேட்டைக்காரர்கள் நம்பியிருப்பது பிக்கப் வண்டியில் மாட்டிய சிபி ரேடியோவை. நாய்கள் எந்தப் பக்கம் திரும்பின, மான் எந்தக் கால்வாயைத் தாண்டியது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். ரேடியோவில் எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு. வெல்மாவுக்குக் கழகம் வைத்த பெயர் குளவி. ஓடெல் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் கருங்கரடி. முருங்கைக்காய்க்குச் சட்டை மாட்டியதுபோல் இருக்கும் மனிதன் அவன். அந்தப் பெயரை அவன் மைக்கில் சொல்லும்போதெல்லாம் வெல்மா தன் வண்டிக்குள் தனியாகச் சிரித்துக்கொள்வாள்.

ஒரு வியாழக்கிழமை ஓடெலை நெடுஞ்சாலை ஓரத்தில் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். நாய்கள் சாலையை நோக்கி ஓடினால் உடனே ரேடியோவில் கத்துவது அவன் வேலை. மற்றவர்கள் குறுக்கே போய் மடக்கிவிடுவார்கள். அன்று நாய்கள் சாலையை நோக்கித்தான் ஓடின. ரேடியோவில் கொரகொரவென்று ஏதோ அரைபட்டதே தவிர ஒரு சொல்லும் வரவில்லை. வெல்மாவின் உயிரான நாய் டீக்கன் சாலையைத் தாண்டிப் போய், சாயங்காலம் சேறும் சகதியுமாகத் திரும்பி வந்தது. அதன் உடம்பில் கீறல் இல்லை. அது கடவுள் செயல் என்று வெல்மா நினைத்தாள்.

கழகக் கொட்டகையில் எல்லோர் முன்னாலும் ஓடெலைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"வாய் இருக்கு, மைக் இருக்கு, புது வண்டி இருக்கு. கூப்பிட மட்டும் முடியல, இல்ல?"

"கூப்பிட்டேன். உங்க யாருக்கும் கேக்கலேன்னா நான் என்ன பண்றது?"

"அது என்ன, ஒரு பக்க லைட்டு உடைஞ்சு கிடக்கு? நிறுத்தின வண்டியில உக்காந்துக்கிட்டே மோதத் தெரிஞ்ச ஆளு உலகத்துலயே நீ ஒருத்தன்தான்."

ஓடெல் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு காப்பியைக் குடித்தான். அவன் பேசாமல் இருந்தது வெல்மாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கழகத் தலைவர் லின்வுட், எழுபதைத் தாண்டியவர், சண்டைகளை முடித்து வைத்தே குரல் தேய்ந்தவர். "ரேடியோ ஒழுங்காகிற வரைக்கும் ஓடெல் ரோட்டுப் பக்கம் நிக்க வேண்டாம்" என்றார். பிறகு வெல்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். "நீதான்மா போய்ப் பாக்கணும். ஆன்டெனா விஷயம் தெரிஞ்சவ நம்மகிட்ட நீ ஒருத்திதான்."

வெல்மா இருபது வருடம் கோழி லாரி ஓட்டியவள். ரேடியோ இல்லாமல் அந்த வேலை நடக்காது. மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் ஓடெலின் முட்டாள்தனத்தை அருகில் நின்று, சுற்றி வந்து, நிதானமாகப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பை விட மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும், நல்ல உடுப்பைக்கூட முழுதாக மாற்றாமல், கருவிப் பெட்டியோடு போனாள். நெடுஞ்சாலையோரம் பழைய புகையிலைக் கொட்டகையை ஒட்டிய ஓடெலின் வாடகை வீடு. வாசலில் அவனுடைய புது வெள்ளி நிறப் பிக்கப். வெல்மா அதை ஒரு சுற்று வந்தாள். பின்பக்கம் வந்ததும் நின்றுவிட்டாள்.

"இது என்ன?"

"ஆன்டெனா."

"அது தெரியுது. எதுல மாட்டியிருக்கே?"

வண்டியின் பின்தொட்டியில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி. ஆன்டெனாவின் அடிப்பாகத்தை அதன் மூடியில் வைத்து பிளாஸ்டிக் நாடாவால் இறுகக் கட்டியிருந்தான்.

"காந்த அடி வச்சதுதான் வாங்கினேன். கூரையில ஒட்டல."

"அலுமினியக் கூரையில காந்தம் எப்படி ஒட்டும்? கடையில கேட்டியா?"

"கேக்கல."

"கேக்க மாட்டே. கல்யாண மோதிர அளவையே கேக்காம வாங்கினவன்." வெல்மா மூடியை விரலால் தட்டினாள். "இங்க பாரு. ஆன்டெனான்னா மேல நிக்கிற குச்சி பாதி. கீழ இருக்கிற வண்டி உடம்புதான் மீதிப் பாதி. நீ பாதி ஆன்டெனாவை மதிய சாப்பாட்டு டப்பா மேல நட்டு வச்சிருக்கே. எர்த்தே இல்ல."

அவள் நாடாவை அறுத்தெறிந்தாள். தான் கொண்டுவந்த இரும்புத் தாங்கியைப் பின்தொட்டியின் விளிம்பில் வைத்து, திருகு வரும் இடத்தில் பெயின்டை அரத்தால் சுரண்டினாள். புது வண்டியின் வெள்ளிப் பூச்சு தூளாக உதிர்ந்தது. ஓடெலின் முகம் கோணியது.

"ஐயோ, பாத்துச் சுரண்டு!"

"பெயின்டுக்கு மேல மாட்டினா எர்த் ஆகாது. வெறும் உலோகம் தெரியணும். அழறதா இருந்தா உள்ள போய் அழு."

தாங்கிக்கும் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் நடுவில் பின்னல் செம்புப் பட்டை ஒன்றை இறுக்கினாள். அதற்கு மண்ணில் மல்லாந்து படுத்து வண்டிக்குக் கீழே போக வேண்டியிருந்தது. ஆன்டெனாவைப் புதிய இடத்தில் நிறுத்தி, ரேடியோவுக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரைச் சேர்த்தாள். ரேடியோ அனுப்புவதில் எவ்வளவு வெளியே போகாமல் முட்டித் திரும்புகிறது என்று காட்டும் மீட்டர் அது. முள் ஒன்றரைக்குக் கீழே இருந்தால் நல்லது. மூன்றைத் தாண்டினால் சிவப்பு, ரேடியோ வெந்துபோகும்.

"இப்பப் பாரு" என்று மைக்கை ஒரு நொடி அழுத்தினாள்.

முள் நேராகச் சிவப்பில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஓடெல் மெதுவாக ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். ஒரு கண்ணாடித் தம்ளரில் இனிப்புத் தேநீரை ஊற்றிக்கொண்டான்.

"மகாராணி என்னவோ எர்த்துன்னு சொன்னாங்களே" என்றான். "இவ்வளவு பெயின்டைச் சுரண்டினதுக்கு முள்ளு ரொம்ப சந்தோஷமா இருக்கு போலிருக்கு."

வெல்மாவுக்குக் காது சூடானது. திருகுகளை மறுபடி இறுக்கினாள். பட்டையை இழுத்துப் பார்த்தாள். அடிச்சட்டத்தில் இன்னும் கொஞ்சம் சுரண்டினாள். முள் அசையவில்லை. இவன் முன்னால் தோற்பதைவிட இந்த வண்டிக்குக் கீழேயே படுத்துச் சாகலாம் என்று தோன்றியது.

"கேபிள் எந்த வழியா போகுது?" என்று கடைசியில் கேட்டாள்.

"சீட்டுக்குக் கீழ" என்றான் ஓடெல். சொன்னவுடன் அவன் முகம் மாறியது. எழுந்துபோய் இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். "போன வாரம்தான் சீட்டைப் பின்னால தள்ளினேன்."

இருக்கை நகரும் தண்டவாளத்துக்கு நடுவில் கேபிள் நசுங்கிச் சப்பையாகக் கிடந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"கண்டுபிடிச்சது நான்" என்றான் ஓடெல்.

"நசுக்கினதும் நீதான்" என்றாள் வெல்மா.

அவளிடம் வேறொரு கேபிள் இருந்தது. இந்த முறை கதவோரமாகச் சுற்றிக் கொண்டுபோனாள். முள் சிவப்பிலிருந்து இறங்கியது. ஆனாலும் முழுதாக இறங்கவில்லை. ரேடியோவின் முதல் சேனலில் அதிகம் காட்டியது, கடைசியான நாற்பதாவதில் குறைவு.

"குச்சி கட்டையா இருக்கு. வெட்டினியா?"

"கொஞ்சம். முள்ளு இறங்கும்னு சொன்னாங்க."

"இறங்கிச்சா?"

"ஏறிச்சு. அதனால இன்னும் கொஞ்சம் வெட்டினேன்."

வெல்மா கண்ணை மூடிக்கொண்டாள். "ஏறிச்சுன்னா நிறுத்தணும், ஓடெல். நீ அப்படியே விட்டிருந்தா அடுத்த வருஷம் பல்குத்தியை நட்டு வச்சிருப்பே." அடியிலிருந்த சின்னத் திருகைத் தளர்த்தி, குச்சியை அதன் குழியிலிருந்து எவ்வளவு முடியுமோ அவ்வளவு மேலே தூக்கி இறுக்கினாள். "தள்ளி நில்லு. நீ பக்கத்துல நின்னா முள்ளுகூட நிலை கொள்ள மாட்டேங்குது."

கதவுகளைச் சாத்திவிட்டு மறுபடி பார்த்தாள். முதல் சேனலிலும் நாற்பதாவதிலும் ஏறக்குறைய ஒரே அளவு. முள் நல்ல பிள்ளையாக அடியில் கிடந்தது.

"பேசு" என்று மைக்கை நீட்டினாள்.

ஓடெல் தொண்டையைச் செருமினான். "கருங்கரடி பேசறேன். யாருக்காச்சும் கேக்குதா?"

ஒரு குரல் உடனே வந்தது. சாலையில் போகும் ஏதோ ஒரு லாரிக்காரன். "மணி அடிச்ச மாதிரி கேக்குது, கரடி. எங்கேருந்து பேசறே?"

"பாலத்துக்கு இந்தப் பக்கம். புகையிலைக் கொட்டகை வீடு."

"அட! வெள்ளி வண்டி நிக்குமே, அந்த வீடா? ஒரு கண்ணு போன வண்டி? மாப்ளே, அந்தக் கண்ணைப் பிடுங்கினதே நான்தான்! வியாழக்கிழமை கோழி லோடு."

ஓடெலின் கை ரேடியோவை அணைக்கப் போனது. வெல்மா அந்தக் கையை அடித்துத் தள்ளினாள்.

"உனக்குப் பைத்தியம்தான், கரடி" என்று குரல் சிரித்தது. "லோடு வண்டி வர்ற ரோட்டுல குறுக்கே வண்டியை நிறுத்திட்டு இறங்கி நின்னு கையை ஆட்டினா? நான் பிரேக்கை மிதிச்சு, கோழியெல்லாம் முன்னால வந்து, உன் வண்டி மூக்கை இடிச்சுத்தான் நின்னேன். எதுக்கு? ஒரு நாய்க்கு! கழுத்துல மஞ்சப் பட்டை போட்ட நாய். ரோட்டு நடுவுல உக்காந்து காலை நக்கிக்கிட்டிருந்துச்சு."

மஞ்சள் பட்டை போட்ட நாய் கழகத்தில் ஒன்றே ஒன்றுதான். வெல்மா தன் கையாலேயே டீக்கனுக்கு மாட்டியது.

அவள் உடைந்த விளக்கைப் பார்த்தாள். வியாழக்கிழமையிலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கொட்டகையில் எல்லோரும் சிரிக்கச் சிரிக்க அதைப் பற்றிப் பேசியவளும் அவள்தான். 

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன சொல்லியிருப்பே?"

வெல்மா நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். "புது வண்டியைக் கொண்டுபோய் லாரிக்கு முன்னால விட்ட முட்டாள்னு சொல்லியிருப்பேன்."

"அதான்."

நன்றி சொல்லும் பழக்கம் அவர்கள் கல்யாணத்திலேயே இருந்ததில்லை. விவாகரத்துக்குப் பிறகு புதிதாக ஆரம்பிக்க அவளுக்கு வழி தெரியவில்லை. கை சும்மா இருக்க மாட்டாமல் மைக்கை எடுத்தாள்.

"ஏ, கோழி வண்டி! குளவி பேசறேன். நானும் அந்த லோடு ஓட்டினவதான். அந்த ரோட்டுல எந்த வேகத்துல வரணும்னு உனக்கு லைசென்ஸ் கொடுத்தவன் சொல்லலையா? இல்ல, கோழிங்கதான் ஓட்டுதா? இனிமே வேட்டைக் காலத்துல அந்தப் பக்கம் வந்தா மெதுவா வா. அந்த நாய்க்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உன் ஊருக்கே வந்து கேப்பேன்."

 "சரிங்கம்மா" என்றது குரல், மிக மரியாதையாக.

வெல்மா மைக்கை மாட்டினாள். கிளம்புவாள் என்று ஓடெல் எதிர்பார்த்தான். அவள் கருவிப் பெட்டியிலிருந்து ரப்பர் நாடாவை எடுத்து, மழைத் தண்ணீர் இறங்காதபடி கேபிளின் மூட்டைச் சுற்றினாள். பிறகு செம்புப் பட்டையின் இரண்டு முனைகளிலும் துரு பிடிக்காமல் கிரீஸ் தடவினாள். லின்வுட் கேட்ட வேலையில் அது சேர்த்தி இல்லை.

"இதைக் கழகத்துல சொல்லாதே" என்றாள்.

"எதை?"

"எதையும்."

அடுத்த சனிக்கிழமை லின்வுட் ஓடெலை மறுபடி நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தினார். விடிந்ததிலிருந்து அவன் குரல் சதுப்பு முழுக்கத் தெளிவாக வந்தது. நாய்கள் எங்கே என்று சொன்னான். மான் எங்கே என்று சொன்னான். அதெல்லாம் சரி. பிறகு பனியைப் பற்றிச் சொன்னான், தன் முழங்காலைப் பற்றிச் சொன்னான், காலையில் தின்ற ரொட்டியில் உப்பு கூடிப்போனதைச் சொன்னான். பதினைந்து வண்டிகளில் பதினைந்து பேர் வேறு வழியில்லாமல் கேட்டார்கள்.

மத்தியானம் லின்வுட் வெல்மாவின் வண்டி அருகே வந்து, ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"வெல்மா, அந்த எர்த்தைக் கொஞ்சம் தளர்த்தி விட முடியாதா?"

"முடியாது" என்றாள் வெல்மா. ரேடியோவில் ஓடெல் தன் மாமாவின் சிறுநீரகக் கல்லைப் பற்றி ஆரம்பித்திருந்தான். அவள் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள். "பாருங்க இந்த முட்டாளை. நிறுத்தவே மாட்டான்."