சீட்டில்லாத மூன்று புத்தகங்கள்

1

இந்தக் கதை ஒரு உவமையிலிருந்து வந்தது. அழகான உவமைதான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், சொன்னவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அதனால் ஒரு குழந்தையின் வாழ்க்கை பாழாய்ப்போனது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இனி இதில் என் உவமை எதுவும் வராது. இருப்பதை இருக்கிறபடி எழுதப் பார்க்கிறேன்.

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

"நியூயார்க் மாநிலத்தின் ஏரிக்கரைகளில் மார்ச் மாதம் மேப்பிள் மரங்கள்—" வேண்டாம். இது ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவர் எழுதியது.

"அறிவியலும் கடவுள் நம்பிக்கையும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியுமா என்ற கேள்வி—" இதுவும் வேண்டாம். அந்தக் கேள்வியை மேடையில் கேட்பவர்கள் வீட்டில் அந்த நேரம் யாரும் சாகக் கிடப்பதில்லை.

மூன்றாவதாக எழுதிய வரி சரியாக இருந்தது. அதிலிருந்து போகலாம்.

2

வெர்னா நோல்ட்டின் முதல் பிள்ளை லெஸ்டர் ஒன்பதாம் நாள் செத்துப்போனான். பால் குடிக்க மறுத்தான், உடம்பை முறுக்கினான். அவன் துணியில் மேப்பிள் பாகு வாசனை அடித்தது. அந்த நோய்க்குப் பெயரே அந்த வாசனையை வைத்துத்தான். புரதத்தில் ஒரு பகுதியை உடம்பால் உடைக்க முடியாமல், அது ரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கும். காரைத் தொடாமல் குதிரைவண்டியிலேயே போகிற பழைய வழக்கத்துக் கிறிஸ்தவச் சபையார், மெனோனைட்டுகளான எங்களிடம் அது அதிகம். தலைமுறை தலைமுறையாக ஒரு கைப்பிடிக் குடும்பங்கள் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து வந்திருக்கிறோம். பிறந்த மறுநாளே ரத்தம் பார்த்து, அதற்கென்று இருக்கிற பால்மாவைக் கொடுத்தால் பிள்ளை பள்ளிக்கூடம் போகும், மாடு கறக்கும், கல்யாணம் பண்ணும். ஐந்தாறு நாள் தவறினால் போச்சு.

அடக்கம் முடிந்த அடுத்த மாதம், குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ் அவர்கள் வீட்டுக்கு வந்தாள். அவளும் அதே சபையில் பிறந்தவள்தான். படிப்பதற்காகக் குதிரைவண்டிக்காரர்களை விட்டு, கார் வைத்துக்கொள்ளும் சபைக்குப் போனவள். வெர்னாவின் கணவன் எல்வினுக்குச் சித்தப்பா மகள்.

"வா, கார்க்காரி" என்றான் எல்வின். பிள்ளையைப் புதைத்த பிறகும் கேலி அவனை விடவில்லை. "வண்டிய அந்தாண்ட நிறுத்து. குதிரைக்கு உன்னப் பாத்தா ஆகல."

நர்ஸ் விளக்கினாள். அப்பா, அம்மா இருவரிடமும் அந்தக் குறை ஒளிந்திருக்கிறது, பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. எல்வினுக்குப் பிடிபடவில்லை. எங்கள் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். நர்ஸ் சுற்றுமுற்றும் பார்த்தாள். அலமாரியிலிருந்து நான்கு பாட்டுப்புத்தகங்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள்.

"போதகருக்குத் திருவுளச்சீட்டு எடுக்கறோம்ல? நாலு பேரு, நாலு புத்தகம், ஒண்ணுலதான் சீட்டு. அதேதான் இது."

எல்வின் முகம் தெளிந்தது.

(எங்கள் போதகர்களுக்குப் படிப்பும் கிடையாது, சம்பளமும் கிடையாது. சபையார் பெயர் சொன்ன ஆண்கள், மேசைமேல் இருக்கும் ஒரே அளவுப் புத்தகங்களில் ஆளுக்கொன்று எடுப்பார்கள். எவன் புத்தகத்துக்குள் சீட்டு இருக்கிறதோ அவன் சாகும்வரை போதகன். அது பாரம், அவன் வீட்டுப் பெண்கள் அழுவார்கள். ஆனால் குருட்டு அதிர்ஷ்டம் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். சீட்டை வைப்பது பிஷப், எடுக்கவைப்பது கடவுள்.)

3

நர்ஸ் என்று எழுதியிருக்கிறேன். நான் என்று எழுதியிருக்க வேண்டும். கதைக்கு நல்லது என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன், உண்மையில் பயம். என் பெயர் ஆர்லீன். அந்த நான்கு புத்தகங்களையும் மேசையில் வைத்தது நான்தான்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பிரசவத்துக்கும் நான்கு புத்தகங்களும் திரும்ப மேசைக்கு வரும், சீட்டும் திரும்ப ஒன்றுக்குள் போகும். அதைச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. எங்கள் சபையில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்தது வேறு. ஒருவன் சீட்டை எடுத்துவிட்டால் மற்ற மூன்று புத்தகமும் காலி. அந்த மூன்று பேரும் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். லெஸ்டர் சீட்டை எடுத்துவிட்டான், இனி மூன்று பிள்ளைகளுக்குப் பயமில்லை என்று எல்வின் புரிந்துகொண்டான்.

"மூத்தவன் மத்தவங்க பாரத்தையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிட்டான்" என்று வாசலில் சொன்னான். நான் அதைத் துக்கத்தில் பேசுகிற பேச்சு என்று எடுத்துக்கொண்டு, அடுத்த பிள்ளை பிறந்த மறுநாள் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து எங்களுக்கு அனுப்பவேண்டிய அட்டையை வெர்னா கையில் கொடுத்துவிட்டுக் காரை எடுத்தேன்.

4

எட்னா மார்ச்சில் பிறந்தாள், வீட்டிலேயே. அட்டை அலமாரியில் கிடந்தது. மருத்துவச்சி கேட்டதற்கு, "எங்களுக்கு அது முடிஞ்சுபோச்சு" என்றான் எல்வின்.

கொட்டகையில் மேப்பிள் மரத்துச் சாற்றைப் பாகாகக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தலைமுடி, திரைச்சீலை, ரொட்டி, எல்லாவற்றிலும் பாகு வாசனை. நாலாம் நாள் வெர்னா குழந்தையின் துணியை மோந்து பார்த்தாள்.

"எல்வின், இங்க வா. வாசன வருது."

"பாகு காய்ச்சுற வீட்ல பாகு வாசன வராம பன்னி வாசனையா வரும்?"

"லெஸ்டருக்கு வந்த வாசன."

"வெர்னா, அந்தச் சீட்டுதான் ஒருதடவ வந்துடுச்சே. ஆர்லீன்தான புத்தகத்த வெச்சுக் காட்டுனா? படிச்சவ தப்பாவா சொல்லுவா?"

(இந்தப் பகுதியை வெர்னாவிடம் படிக்கக் கொடுத்தேன். "எல்வின் பன்னின்னு சொல்லல, சாணின்னு சொன்னான்" என்றாள். "மத்ததெல்லாம் சரி. அவனக் கெட்டவனாக்கிடாத.")

ஆக்கிப் பார்த்தேன், ஒளிக்கவில்லை. மருந்து வேண்டாம், ஜெபம் போதும் என்று கத்துகிற முரடனாக ஒரு எல்வினை எழுதினேன். அவனை நீங்கள் திட்டிவிட்டுப் போய்விடலாம், நானும் தப்பித்துவிடலாம். ஆனால் நிஜ எல்வின் அறிவியலை நம்பினான். என்னை நம்பினான். நான் சொன்னதும் அவன் சபை சொன்னதும் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதால்தான் அவன் மருத்துவமனைக்குப் போன் செய்யவில்லை.

ஆறாம் நாள் வெர்னா செய்தாள். எட்னா பிழைத்தாள். இப்போது மூன்று வயது. உட்காரவைத்தால் சாய்ந்துவிடுகிறாள். அம்மாவை அடையாளம் தெரிகிறதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த வீட்டுக்குப் போனால் நான் அவள் இருக்கும் பக்கம் பார்ப்பதில்லை, வெட்கமாக இருக்கிறது.

5

போன வருஷம் சபையில் நான்கு பேருக்குச் சீட்டு எடுத்தார்கள். எல்வின் புத்தகத்தில் இருந்தது. எல்லார் முன்னாலும் அழுதான். அவன் போதகனான ஆறாம் மாதம் வெர்னா மூன்றாவதாக உண்டானாள்.

நான் போய் உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அதே நாலில் ஒன்று, முன்னால் என்ன வந்தது என்பதற்குக் கணக்கே கிடையாது.

எல்வின் கேலி பேசவில்லை. "அப்ப அது சீட்டு இல்ல. சும்மா வந்து விழறது."

"ஆமா. தானா விழறது."

"சபையில என் கைக்கு வந்தது?"

"நான் அதப் பத்திப் பேச வரல, எல்வின்."

"நீதான ரெண்டும் ஒண்ணுன்ன? இதுல கடவுள் கை இல்லன்னா அதுலயும் இல்ல, நான் போதகனும் இல்ல. அதுல இருக்குதுன்னா, எட்னாவுக்கு மறுபடியும் சீட்ட வெச்சது அவருதான். ஞாயித்துக்கிழம எந்திரிச்சு நின்னு நான் எதச் சொல்லட்டும்? சொல்லு."

இந்த இடத்தில் நல்ல பதில் ஒன்று எழுத இரண்டு நாள் உட்கார்ந்தேன். எப்படி என்பதை அறிவியல் சொல்லும், ஏன் என்பதை நம்பிக்கை— இல்லை. எட்னாவைத் தூக்கிச் சுமக்கிற வீட்டில் இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? நானும் ஞாயிற்றுக்கிழமை முழங்காலில் நிற்கிறவள், திங்கட்கிழமை ரத்த அட்டைகளைப் பிரிக்கிறவள். இரண்டும் எனக்குள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமல் இருக்கின்றன. அன்று நான் சொன்னது இவ்வளவுதான்: "எனக்குத் தெரியல."

சமையலறையிலிருந்து வெர்னா எட்னாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். "உங்க ரெண்டு பேரு வழக்க அப்புறம் வெச்சுக்குங்க. இது பொறந்த மறுநாள் ரத்தம் போகுது. நீ போதகனா இரு, பிஷப்பா இரு, எனக்கு அதப் பத்திக் கவல இல்ல. ஆர்லீன், நீயும் கேட்டுக்க. முடிவு வந்ததும் புத்தகம் கித்தகம்னு ஆரம்பிக்காத. இருக்கு, இல்ல. அது போதும்."

6

பிள்ளை செவ்வாய்க்கிழமை பிறந்தது, பையன். புதன்கிழமை காலை எல்வினே குதிரைவண்டியில் அட்டையைக் கொண்டுவந்தான். என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனான். மத்தியானம் முடிவு வந்தது.

இந்தக் கதைக்கு நான்கு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் மட்டும் பிள்ளைக்கு நோய் இருக்கும். நீங்கள் உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ள— நிறுத்துகிறேன். கை மறுபடியும் அந்த மேசைக்கே போகிறது. நான்கையும் அடித்துவிட்டேன்.

போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லு" என்றாள் வெர்னா.

ஒரே சொல்லில் சொன்னேன். அது அவளுடையது. உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளுக்கு வந்தாயிற்று, இந்த மூன்றாவதை விட்டுவைத்திருக்கும் என்று உங்களுக்குள் ஒரு நினைப்பு ஓடியதா? எல்வினுக்கும் அப்படித்தான் ஓடியது.