நாற்பத்தெட்டு வயது ஃப்ரெஷர்

எங்கள் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'ஃப்ரெஷ்' என்ற சொல் புழங்குகிறது என்று யாராவது எண்ண உட்கார்ந்தால் தலை சுற்றி விழுந்துவிடுவார்கள். மீன் கடை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே என் வீட்டுக்காரர் "ஃப்ரெஷ்! ஃப்ரெஷ்!" என்று ஆரம்பித்துவிடுவார். வருகிறவர்களும் சௌக்கியமா என்று கேட்கிற மாதிரி "ஃப்ரெஷ்ஷா?" என்றுதான் கேட்பார்கள். மெய் சொன்னாலும் அதே சொல், பொய் சொன்னாலும் அதே சொல். எங்கள் பிழைப்பே அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையில் ஓடுகிறது. அதற்கு இன்னும் எத்தனை முகம் உண்டு என்பது எனக்கு நாற்பத்தெட்டாவது வயதில்தான் தெரிந்தது.

எல்லாம் மகளின் கல்லூரி விண்ணப்பத்தில் ஆரம்பித்தது. வீட்டுக்காரர் கல்லாவில் நின்றபடி அதை நிரப்பினார். நான் நாலடி தள்ளி வெட்டுக்கட்டையில் மீன் தேய்த்துக்கொண்டிருந்தேன். முழங்கை வரை செதில். 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'சொந்தத் தொழில்' என்று முத்து முத்தாக எழுதினார். 'தாயின் தொழில்' என்ற இடத்தில் ஒரு கோடு போட்டார்.

"அது என்ன கோடு?" என்றேன்.

"வேலை இல்லேன்னு அர்த்தம். நீ வீட்ல சும்மாதானே இருக்கே." சொல்லிவிட்டு அதே மூச்சில், "அந்த ரெண்டு கிலோவ சீக்கிரம் வெட்டிக் குடு, ஆள் நிக்குது" என்றார்.

கையில் கத்தி இருக்கும்போது வாயைத் திறப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கோடு தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. இருபத்துநாலு வருடம். விடிவதற்கு முன்னால் மொத்த மார்க்கெட்டுக்குப் போய் எந்தக் கூடையை எடுப்பது, எதைத் தொடாமல் வருவது என்று முடிவு செய்தவள் நான். எந்த மீனுக்கு எவ்வளவு ஐஸ், எந்த வாடிக்கைக்காரிக்கு எந்தத் துண்டு என்று மண்டையில் வைத்திருப்பவள் நான். கடைசியில் நான் ஒரு கோடு.

அந்த வாரமே என் கொழுந்தனார் வெளியூர் வேலையை விட்டுவிட்டு வந்து எங்கள் கடையில் சேர்ந்துகொண்டார். கடையின் அகலம் எட்டடி. மூன்று பேர் நின்றால் மீனுக்கு இடமில்லை. "இனிமே நீ நிம்மதியா வீட்ல இரு" என்று வீட்டுக்காரர் வரம் கொடுப்பதுபோலச் சொன்னார். ஏற்கெனவே சும்மா இருக்கிறவள் இன்னும் எப்படிச் சும்மா இருப்பது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அதைக் கேட்பதற்குப் பதில் வேலை தேட ஆரம்பித்தேன். என் படம் ஒட்டி, என் பேர் போட்டு, கழுத்தில் ஓர் அட்டை தொங்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அதற்குக் கீழேயும் எதற்கும் சம்மதம் இல்லை.

பேருந்து நிலையத்துக்கு எதிரே பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்று திறக்க இருந்தார்கள். வாசலில் பலகை: 'விற்பனைக்கு ஆட்கள் தேவை. ஃப்ரெஷர்ஸ் மட்டும்.' போனில் படம் பிடித்து வந்து சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் காட்டினேன்.

"குளிச்சு கிளிச்சு ஃப்ரெஷ்ஷா வரணும்னு போட்டிருக்கான்" என்றார் வீட்டுக்காரர். "எவ்வளவு சோப்புப் போட்டாலும் நம்ம மேல மீன் வாடை போகாது. உனக்குச் சரிப்படாது."

"இல்லண்ணே, சின்ன வயசு ஆளுங்களா வேணும்கிறான். இப்பதான் வலையிலேர்ந்து எடுத்த மாதிரி" என்றார் கொழுந்தனார்.

மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "ஐயோ, ஃப்ரெஷர்னா இதுவரைக்கும் எங்கயும் வேலை பார்க்காதவங்க. அனுபவமே இருக்கக்கூடாது. வயசைப் பத்தி ஒண்ணும் போடலம்மா, நீ தாராளமா போகலாம்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வேலையே பார்க்காதவள்! அதற்குத்தான் என்னிடம் எழுத்துமூலமான ஆதாரமே இருக்கிறதே.

மகள் விடவில்லை. போனில் அகராதியைத் திறந்து படிக்க ஆரம்பித்தாள். பூவுக்குச் சொன்னால் வாடாத. தண்ணீருக்குச் சொன்னால் உப்பில்லாத. பெயின்டுக்குச் சொன்னால் இன்னும் காயாத. தூங்கி எழுந்தவனுக்குச் சொன்னால் களைப்பில்லாத. கடைசியாக ஒன்று: துடுக்காகப் பேசுகிற, மட்டுமரியாதை இல்லாத.

"ஃப்ரெஷ்ஷுக்கா அப்படி ஒரு அர்த்தம்?" என்றேன்.

"ஆமாம்மா. பெரியவங்களை எதிர்த்துப் பேசினா இங்கிலீஷ்காரங்க அப்படிச் சொல்வாங்களாம்."

வீட்டுக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லு! உங்கம்மா கல்யாணம் ஆன நாள்லேர்ந்தே ஃப்ரெஷ்தான்."

சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஏனென்றால் எனக்கு அவரிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. நேர்முகத் தேர்வுக்கு வருகிறவர்கள் பொறுப்புக் கையெழுத்துப் போட வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துவர வேண்டும் என்று விதி. இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு வாரம் தாங்க மாட்டே, பாரு" என்ற ஆசீர்வாதத்தோடு கிளம்பினார். போகும் வழியில் நான் படித்துப் படித்துச் சொன்னேன்.

"அங்க யாராவது கேட்டா, இவ கடைப்பக்கமே வந்ததில்லேன்னு சொல்லுங்க. எப்பவும் சொல்றதுதானே."

"அதுல என்ன கஷ்டம்?" என்றார்.

உள்ளே பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் என் மகள் வயசு. பக்கத்தில் இருந்த பெண், "பொண்ணைக் கூட்டிட்டு வந்தீங்களா ஆன்ட்டி?" என்று அன்பாகக் கேட்டாள். "இல்லம்மா, நானும் ஃப்ரெஷர்தான்" என்றேன். அந்தப் பெண் அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

தேர்வு நடத்திய அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. எங்களை நேராக மீன் பிரிவுக்குக் கூட்டிப்போனாள். புது ஸ்டீல் மேசை, பளிச்சென்று விளக்கு, தட்டில் ஐஸ், ஐஸ் மேல் ஒரே ஒரு மீன். அவள்தான் வாடிக்கையாளர், நாங்கள் விற்பனையாளர்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"இந்த மீன் ஃப்ரெஷ்ஷா?"

"எஸ் மேடம், ரொம்ப ஃப்ரெஷ் மேடம்." எல்லாரும் இதையே சொன்னார்கள். சிலர் கூடவே சிரித்தார்கள்.

நானும் அப்படியே சொல்லிவிடுவது என்றுதான் போய் நின்றேன். சத்தியமாக. ஆனால் கை என் பேச்சைக் கேட்கவில்லை. அது பாட்டுக்குச் செவுளைத் தூக்கிப் பார்த்தது. கட்டைவிரல் வயிற்றை அழுத்தியது. அழுத்திய குழி அழுத்தியபடியே கிடந்தது.

"இல்லம்மா" என்றேன். "வந்து மூணு நாளாச்சு. நடுவுல கொஞ்ச நேரம் ஐஸ் இல்லாம வேற கிடந்திருக்கு. இதை வாங்காதே."

அதிகாரி என்னையே பார்த்தாள். "கரெக்ட். மூணு நாள்தான். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சமைக்கிறவளுக்குத் தெரியாதா மேடம்?"

"சமைக்கிறவங்க மீனைப் பார்ப்பாங்க. நீங்க மீனைப் பார்த்த உடனே கத்தி எங்க இருக்குன்னு தேடினீங்க." குட்டு உடைந்த மாதிரி எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "உண்மையைச் சொல்லுங்க. எங்கயாவது வேலை பார்த்திருக்கீங்களா? விற்பனைக்கு ஃப்ரெஷர்ஸ்தான் வேணும்னு கம்பெனியில கண்டிப்பா சொல்லியிருக்காங்க. வேற இடத்துல பழகினவங்க பழைய பழக்கத்தை விடமாட்டாங்களாம்."

"இல்ல மேடம். வீட்டோட சரி."

"கையெழுத்துப் போட வந்தவரைக் கூப்பிடுங்க."

வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் மாடியில் இருந்த அவள் அறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன தொழில் என்று கேட்டாள். மீன் கடை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

"அப்ப இவங்களும் கடையில இருந்தாங்களா?"

"சேச்சே, அந்தப் பக்கமே வந்ததில்லைங்க" என்றார். கண்கூடச் சிமிட்டவில்லை. இருபத்துநாலு வருடப் பயிற்சி வேறு எப்போது உதவும்? எனக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

அதிகாரி காகிதத்தில் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "ஆக, இத்தனை வருஷமும் வீட்ல சும்மாதான் இருந்திருக்காங்க" என்றாள். அவள் குத்தலாகச் சொல்லவில்லை. எழுதுவதை வாய்விட்டுச் சொன்னாள், அவ்வளவுதான்.

ஆனால் இவருக்குக் காது சிவந்துவிட்டது.

"யாரு சும்மா இருந்தா?" என்றார்.

மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். காலை இழுத்துக்கொண்டார்.

"யாரைப் பார்த்து சும்மா இருந்தாங்கன்னு எழுதறே? நான் பொழுதன்னைக்கும் ஃப்ரெஷ் ஃப்ரெஷ்னு கத்தறேனே, அது எதை நம்பி? இவ பார்த்து எடுத்தாத்தான் அது ஃப்ரெஷ்! ஒரே ஒரு நாள் நான் தனியா மார்க்கெட்டுக்குப் போய் எடுத்துட்டு வந்தேன். பாதி நாறிப்போச்சு, தெருவே மூக்கைப் பொத்திக்கிச்சு. இவளுக்குக் காய்ச்சல்னா எங்க கடைக்கு லீவு. பொண்ணு பொறந்து பதினெட்டாம் நாள் வந்து தராசு பிடிச்சவம்மா இவ. சும்மா இருந்தாளாம்! சும்மா இருந்தது நான்."

எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழுவதா, மேசைமேல் இருந்த ஃபைலால் நாலு போடுவதா என்று தெரியவில்லை. இந்தப் பேச்சுக்காக எத்தனை வருடம் ஏங்கியிருக்கிறேன். கல்லாவில் நின்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம், சோறு போடும்போது சொல்லியிருக்கலாம். சொல்லவே கூடாத இடமாகத் தேடிப் பிடித்துச் சொன்னார் மனுஷன். என்னைச் சும்மா இருப்பவள் என்று அவர் சொல்லலாமாம், மற்றவர்கள் சொல்லக்கூடாதாம்.

அதிகாரி பேனாவை மூடினாள். "அப்ப நீங்க ஃப்ரெஷர் இல்ல."

"இல்ல மேடம்."

"பொய் சொன்னீங்க."

"நான் எங்க மேடம் சொன்னேன்? எங்க வீட்டு ஃபாரத்துல எல்லாம் அப்படித்தான் போட்டிருக்கு."

அகராதியின் கடைசி அர்த்தம் என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துவிட்டாள்.

"விற்பனைக்கு உங்களை எடுக்க முடியாது" என்றாள் பிறகு. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "ஆனா மீன் பிரிவைப் பொறுப்பா பார்த்துக்க ஒருத்தர் வேணும். ரெண்டு மாசமா தேடறோம். வந்தவங்க எல்லாரும் தட்டுல வெச்ச மீனை ஃப்ரெஷ்னுதான் சொன்னாங்க. அந்த வேலைக்கு அனுபவம் கட்டாயம். வேலை பார்த்த இடத்து முதலாளி இந்த அனுபவச் சான்றிதழை நிரப்பித் தரணும். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வந்தா திங்கக்கிழமை சேர்ந்துடலாம். வரலேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

கீழே இறங்கி வாசல்படியில் வந்து உட்கார்ந்தோம். படிவத்தை அவரிடம் நீட்டினேன்.

"முதலாளி நிரப்பணுமாமே?" என்று யாரையோ தேடுவதுபோலச் சுற்றிலும் பார்த்தார். பிறகு, "ஓ, நான்தானா" என்று பேனாவை எடுத்தார்.

பணிக்காலம் என்ற இடத்தில் இருபத்துநாலு வருடம் என்று எழுதினார். செய்த பணிகள் என்ற இடத்தில் மூன்று வரி விட்டிருந்தார்கள். அது போதவில்லை. ஓரத்தில் எழுதினார், காகிதத்தைத் திருப்பி மேல் விளிம்பில் எழுதினார். நான் எட்டிப் பார்த்தபோது பரீட்சை எழுதுகிற பிள்ளைபோலக் கையை வைத்து மறைத்துக்கொண்டார். 'பணியிலிருந்து விலகும் காரணம்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"கடையை விட்டுட்டா போறே?" என்றார். இதுவரை கேட்காத ஒரு குரல்.

"நீங்கதானே வீட்ல இருன்னீங்க."

"வீட்ல இருன்னுதானே சொன்னேன். கடையில இல்லாமப் போவேன்னா நினைச்சேன்?"

எனக்கும் நெஞ்சை என்னவோ செய்தது. ஆனால் 'இருந்துவிடுகிறேன்' என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எதிரே நின்ற பஸ்ஸைப் பார்த்தேன். அவர் குனிந்து எழுதி முடித்தார். கையெழுத்துப் போட்டு, நாலாக மடித்து என் கையில் வைத்தார்.

"படிக்காம குடுத்துடு."

இப்படிச் சொன்னால் எந்தப் பெண்பிள்ளை படிக்காமல் இருப்பாள்? மாடிப்படி திரும்பியதும் பிரித்தேன். வீட்டில் நான் 'ஏய்'. வெளியாட்களிடம் 'இவ'. கோபம் வந்தால் வேறு சில பேர்களும் உண்டு. ஆனால் அந்தக் காகிதத்தில், மேலிருந்து கீழ் வரை, கோணல்மாணலான அந்தக் கையெழுத்தில், 'அவர் மீன் தேர்வு செய்வார்', 'அவர் சொன்னால் சரியாக இருக்கும்', 'அவர் வராத நாளில் கடை இல்லை'. விலகும் காரணம்: 'நான் அவருக்குச் சரியான இடம் கொடுக்கவில்லை.'

கடைசிக் கேள்வி அச்சில் இருந்தது. 'மீண்டும் பணியில் அமர்த்த விருப்பமா? ஆம் / இல்லை.' இரண்டையும் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தார்: 'அதை அவர்தான் சொல்ல வேண்டும்.'

"குடுத்தாச்சா?" என்று கீழேயிருந்து கத்தினார்.

"இருங்க, இன்னொரு தடவை படிச்சிக்கிறேன்" என்றேன்.