இடது காது

நவ்யா மூன்று வயதில் சுவரில் ஒரு கோழி வரைந்தாள். மூன்று வயதுப் பிள்ளைகள் போடுகிற உருண்டைக் கோழி இல்லை. ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் ஓடலாம் என்று யோசிக்கிற கோழி. அவள் அப்பா சசிதர் அந்தச் சுவருக்கு மட்டும் பத்து வருஷமாக வெள்ளையடிக்க விடவில்லை. வேறு வீடாக இருந்தால் முதுகில் ரெண்டு வைத்திருப்பார்கள். அப்படி வைத்திருந்தாலும் தேவலை என்று பிற்பாடு அவளுக்கே தோன்றியது.

தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் கடைசித் தோட்டம் அவர்களுடையது. தென்னையும் வாழையும். வீட்டுக்குள் தெலுங்கும் தமிழும் கலந்து ஓடும். அப்பாவை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள். நைனாவுக்கு மகளின் கை நாலு பேருக்குக் காட்டவேண்டிய சமாச்சாரம். யார் வந்தாலும் காபிக்கு முன்னால் நோட்டு வந்துவிடும்.

"அம்மணி, இவரை ஒண்ணு வரைஞ்சு காட்டு கண்ணு."

மாட்டு டாக்டரை வரைந்தாள். கரண்ட் கம்பத்தில் ஏற வந்தவரை வரைந்தாள். சரவணம்பட்டி மண்டபத்தில் பெரியப்பா மகன் ரித்விக்கின் கல்யாண வரவேற்பு நடந்தபோது மேடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். முப்பத்தெட்டு முகங்களை வரைந்துவிட்டு எழுந்தபோது பந்தியில் ரசம்தான் மிச்சம். பத்துப் பேர் பின்னால் நின்று கழுத்தில் மூச்சு விடும்போது வரைய ஒரு சாமர்த்தியம் வேண்டும். கை நிற்கக் கூடாது. நின்றால் "என்ன, வரலியா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். தெரியாத இடம் வந்தால் தெரிந்ததைப் போட்டு நிரப்பிவிட்டு மேலே போய்விட வேண்டும். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. மெச்சி மெச்சியே பழக்கிவிட்டார்கள்.

பக்கத்து வீட்டு பங்காரம்மா, இறந்துபோன கணவரின் வாக்காளர் அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். படத்தில் முகத்தின் ஒரு பாதி அழிந்துபோயிருந்தது. நவ்யா அந்தப் பாதியைத் தானாகப் போட்டாள். அழகாக இருக்குமே என்று மூக்கோரத்தில் ஒரு மச்சமும் வைத்தாள். பங்காரம்மா படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அப்படியே இருக்காரு சாமி, அந்த மச்சங்கூட" என்று அழுதாள். அவருக்கு மச்சமே கிடையாது என்று அவள் மகன் வெளியே வந்து சொல்லிச் சிரித்தான். நவ்யாவுக்கு அன்றைக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

யாரும் கேட்காமல் அவள் வரைந்தது ராசுவை மட்டும்தான். ராசு, இடது காதின் அடியில் ஒரு துண்டு பிய்ந்துபோன கொம்பன் யானை. பெயர் அவள் வைத்தது. மூன்று வருஷமாக வருகிறான். நாலு வாழையைச் சாய்ப்பான், தின்பான், பட்டாசுச் சத்தம் கேட்டதும் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் போய்விடுவான். அவள் நோட்டில் அறுபத்திரண்டு ராசு இருந்தான். எல்லாமே இடது பக்கத்திலிருந்து, அந்தக் காது நன்றாகத் தெரியும்படி.

அவளுக்குப் பதின்மூன்று நடந்துகொண்டிருந்த மாசி மாதத்தில் ஒரு விடிகாலை. அந்தப் பக்கத்தில் மோட்டார் ஓட்டுகிற மும்முனை கரண்ட் ஆறு மணிக்குத்தான் வரும். அதற்காகக் கீழ்த் தோட்டத்து அப்புசாமி மோட்டார் ரூமுக்குப் போயிருந்தார். நவ்யா மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து ஒரு கொம்பன் வெளியே வந்து, மோட்டார் ரூமைத் தாண்டி, மலையைப் பார்த்து நடந்து மறைந்தது. எண்ணினால் பத்து எட்டு வைத்திருக்கும். அப்புசாமி வாய்க்காலோரம் மிதிபட்டுச் செத்துக் கிடந்ததை அப்புறம்தான் பார்த்தார்கள்.

எட்டு மணிக்குள் ஊரே கூடிவிட்டது. அப்புசாமியின் மனைவி சென்னியம்மாள் அழக்கூடச் செய்யாமல் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். வனக்காவலர் ஜெரோம் எல்லோரையும் பார்த்து, "எந்த யானைன்னு யாராச்சும் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"எம் பொண்ணு பாத்தாளுங்க" என்றார் சசிதர். "அவ கண்ணு கேமராங்க. அம்மணி, வரைஞ்சு காட்டு."

நோட்டு வந்தது. முப்பது பேர் பின்னால் நின்றார்கள். கை ஓடியது. முதுகு, வால், நடக்கிற கால், கூரான இரண்டு தந்தம். காதுக்கு வந்தபோது கை ஒரு நொடி தயங்கியது. யாரோ கழுத்தில் மூச்சு விட்டார்கள். கை நகர்ந்துவிட்டது.

ஜெரோம் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "காது இப்படித்தான் பிஞ்சிருந்துச்சா பாப்பா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ஆமாங்க" என்றாள் நவ்யா. பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. அவள் கண்ணுக்குள் அப்போது அந்தக் காதுதான் இருந்தது.

மூன்றாம் நாள் சாலை மறியல். படத்தைப் பத்தடிக்கு ஃப்ளெக்ஸ் அடித்துக் கட்டியிருந்தார்கள். மேலே 'கொலைகார யானையைப் பிடி!' கீழே 'ஓவியம்: செல்வி ச. நவ்யா, எட்டாம் வகுப்பு.' மூலையில் வட்டத்துக்குள் அவளுடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. காதுகுத்துக்கும் கட்சி மாநாட்டுக்கும் ஃப்ளெக்ஸ் வைக்கிற ஊர், சாவுக்கு மட்டும் விட்டுவைக்குமா? மறுநாளே பிடிக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் காலையில் நவ்யா அதே இடத்தில் பல் துலக்கிக்கொண்டு நின்றாள். எதிரே மோட்டார் ரூம். வீடு தோட்டத்துக்கு வடக்கே இருக்கிறது. யானை மேற்கே, மலையைப் பார்த்துப் போனது. இங்கே நிற்பவளுக்கு அதன் வலது பக்கம்தான் தெரிந்திருக்கும். இடது காது தெரிந்திருக்கவே முடியாது. பிரஷ் வாயிலேயே இருந்தது.

அப்பாவிடம் போய்ச் சொன்னாள். சசிதர் முதலில் சிரித்தார். பிறகு மாடிக்கு ஏறி வந்து அதே இடத்தில் நின்று பார்த்தார். இறங்கும்போது அவர் முகம் வெளுத்திருந்தது.

"அப்ப அது ராசு இல்லியா?"

"தெரீல நைனா. நான் காதையே பாக்கல."

"இப்பப் போயி இதைச் சொன்னா ஊரு என்ன பேசும்? சென்னியம்மாக்கா மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?" என்றார். பிறகு, "நீ பயந்துபோட்ட கண்ணு. அதுதான் இப்படியெல்லாம் தோணுது" என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். வந்தவர்களிடமெல்லாம் நீட்டிய அந்த நோட்டை எடுத்து முதல்தடவையாகப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

நவ்யா பள்ளிக்கூடம் விட்டு நேராக ஜெரோமிடம் போனாள். சொன்னாள். அவர் திட்டவில்லை.

"எனக்கும் அன்னிக்கே ஒரு உறுத்தல்தான் பாப்பா. கால்தடத்தை அளக்கலாம்னா ஊர்க்காரங்க மிதிச்சே அழிச்சுட்டாங்க. அது இல்லைன்னு நான் மேல சொன்னா, வேற எதுன்னு கேப்பாங்க. நீ பாத்ததை மறுபடி வரைஞ்சு குடு. திங்கக்கெழமைக்குள்ள குடுத்தா நானே கொண்டுபோறேன்."

சனியும் ஞாயிறும் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் வரைந்தாள். வலது பக்கத்திலிருந்து வரைந்தாள். பனி போட்டாள், மோட்டார் ரூம் போட்டாள். யானைக்கு வந்ததும் ராசு வந்து நின்றான். அதே நெற்றி மேடு, அதே அரைத்தூக்கக் கண். அழித்தாள். மறுபடியும் ராசு. கண்ணை மூடி அந்தப் பத்து எட்டை நினைத்துப் பார்த்தால் ஃப்ளெக்ஸில் இருந்த படம்தான் நடந்து போயிற்று. தான் வரைந்த ஒரு படம் தான் பார்த்ததைத் தின்றுவிட்டது என்று அவளுக்குப் புரிந்தபோது பத்தொன்பது தாள் கிழிந்திருந்தது. ஊரையே நகலெடுத்த கை, வேண்டிய நேரத்தில் ஒரு யானைக்கு உதவவில்லை. திங்கட்கிழமை வெறுங்கையோடு போய் நின்றாள். ஜெரோம் அவள் விரல்களில் இருந்த பென்சில் கரியைப் பார்த்தார். "சரி பாப்பா, ஊட்டுக்குப் போ" என்றார்.

பழக்கிய இரண்டு கும்கி யானைகளோடு வனத்துறையினர் வந்து, மயக்க ஊசி போட்டு, ராசுவைப் பிடித்தார்கள். ஆனைமலைப் பக்கம் முகாமுக்குக் கொண்டுபோக லாரியில் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். கயிற்றுக்குள் நின்றுகொண்டு, யாரோ போட்ட கரும்பை மெதுவாக மென்றான். பிய்ந்த காது அவள் பக்கமாகவே ஆடிக்கொண்டிருந்தது. பையன்கள் விசிலடித்தார்கள். சென்னியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினாள். "எந் தாலியறுத்த பாவி, நீ நாசமாத்தான் போவ" என்று லாரியைப் பார்த்துத் தூற்றினாள். மண் ராசுவின் கண்ணோரத்தில் விழுந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஒரு நிருபர் நவ்யாவை லாரிக்கு முன்னால் நிறுத்தி, கையில் அந்தப் படத்தைக் கொடுத்தார். "அது இல்லீங்க" என்றாள். விசில் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. சசிதர் ஓரமாக நின்று தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த நாள் பேப்பரில், 'இளம் ஓவியரின் ஆனந்தக் கண்ணீர்' என்று போட்டோவுக்குக் கீழே எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் வரையவில்லை. பரீட்சை முடிந்தது, லீவும் முடியும் தறுவாயில் இருந்தது. கோழிச் சுவருக்குச் சசிதர் தாமாகவே வெள்ளையடித்தார்.

வைகாசிக் கடைசியில் ஒரு நாள் காலை, ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், அவள் ராத்திரி காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்கு வந்தாள். கீழே சென்னியம்மாள் வரப்பில் போய்க்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் மோட்டார் போட அவள்தான் போகவேண்டியிருக்கிறது. அப்போது தென்னந்தோப்பின் மறைவிலிருந்து ஒரு கொம்பன் வெளியே வந்தது. மோட்டார் ரூமைப் பார்த்து நடந்தது. வலது பக்கம் முழுதாக இவளுக்குத் தெரிந்தது. வலது தந்தம் நுனி ஒடிந்து மொட்டையாக இருந்தது. பின்னங்காலை லேசாக இழுத்து வைத்தது.

அந்த நிமிஷத்தில் அவளுக்கு எல்லாம் திரும்பி வந்தது. மொட்டைத் தந்தம், இழுக்கிற கால், பனி, அந்தப் பத்து எட்டு. இரண்டு நாள் தவம் கிடந்தும் வராதது இப்போது கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. பென்சில் இருந்தால் ஒரே மூச்சில் போட்டுவிடுவாள். அதை நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

"அத்தை! நில்லுங்க! யானை!"

சென்னியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். பதறவில்லை. "பாத்துட்டேன் கண்ணு. பயப்படாத. அந்தப் பாவியத்தான் புடிச்சுட்டுப் போயிட்டாங்களே. இது சாதுவாட்ட இருக்குது. அது பாட்டுக்குப் போயிரும். கரண்டு வர்ற நேரம் பாரு" என்று சொல்லிவிட்டு மேலே நடந்தாள்.

அவளை நிறுத்த ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. மூன்று மாதமாகத் தொண்டைக்குள் கிடந்த வார்த்தை. நவ்யா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"அத்தை, போகாதீங்க! அன்னிக்கு மாமாவக் கொன்னது இதுதாங்க! நான் தப்பா வரைஞ்சுபோட்டேன்!"

சென்னியம்மாள் நின்றுவிட்டாள். யானையும் நின்றது. தும்பிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வாழைப் பாத்திதான் இருந்தது. சத்தம் கேட்டு சசிதர் பட்டாசோடு வெளியே ஓடிவந்தார். அவர் திரியைப் பற்றவைப்பதற்குள் யானை பாத்தியை விட்டு விலகி, காலை இழுத்து இழுத்து, மலையைப் பார்த்துப் போய்விட்டது.

அது போனதைச் சென்னியம்மாள் பார்க்கவில்லை. மாடியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள் என்று நவ்யா காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று ஏங்கினாள். சென்னியம்மாள் குனிந்து தன்னுடைய இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள்.

"அப்ப நான் யாரு கண்ணுல மண்ண வாரித் தூத்துனேன் கண்ணு?" என்று கேட்டாள்.

கரண்ட் வந்து, மோட்டார் ரூமில் பச்சை விளக்கு எரிந்தது. மோட்டாரைப் போட யாரும் போகவில்லை.