ஒழுக்கு நின்ற கட்டடம்

"யாரைக் கேட்டு இதைப் பூசினீங்க? யாரைக் கேட்டு?"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மாடிப்படியில் நின்று போட்ட கூச்சல் எதிர்க் கட்டடத்துப் பால்கனி வரைக்கும் கேட்டது. கேட்க வேண்டியவர்கள் எல்லாம் துணி காயப்போடுகிற சாக்கில் வெளியே வந்துவிட்டார்கள்.

"சுவரைப் பூச யாரைக் கேட்கணும்?" என்றாள் அவர் மனைவி, கையில் பெயிண்ட் பிரஷோடு. "இன்ஜினியர் வர்றாங்க, கட்டடத்தைப் பார்க்கப் போறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? வெளி மனுஷங்களுக்குக் காட்டுற லட்சணத்துலயா இருந்துச்சு இந்தச் சுவர்?"

"வர்றாங்கன்னு சொன்னேன். சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேனா?"

"சுண்ணாம்பு இல்ல மாமா, பெயிண்ட்டு," என்று ஏணி மேலிருந்து திருத்தினான் மச்சினன்.

"நீ வாயை மூடுடா!"

அவர் வயிறு எரிந்ததில் நியாயம் இருந்தது. குடியிருந்த நல்ல வீட்டை விற்று, அந்தப் பணம் மொத்தத்தையும் போட்டு இந்தப் பழைய கட்டடத்தில் இரண்டு வீடு வாங்கியிருந்தார். ஒன்றில் குடித்தனம், மற்றதற்குப் பூட்டு. நகரத்தையே கலைத்துப் போட்டுத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. இந்தத் தெருவில் பாழான கட்டடங்களை நகராட்சி இடித்துவிட்டு, மாடிமேல் மாடியாக எழுப்பி, வீட்டுக்காரர்களுக்கு அதே இடத்தில் பெரிய புது வீடாகக் கொடுக்கப்போகிறது. ஆனால் இன்ஜினியர் வந்து பார்த்து, 'இது தேறாது' என்று சொல்ல வேண்டும். அதற்குக் கடைக்காரர் நம்பியிருந்தது இந்தப் படிக்கட்டுச் சுவரைத்தான். மேலிருந்து கீழ்வரை ஈரம், நடுவில் கை நுழைகிற மாதிரி ஒரு விரிசல். பிள்ளைக்கு முளைத்த முதல் பல்லைப் பார்ப்பதுபோல் அதைத் தினமும் நின்று பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போவார்.

மனைவியிடம் இதை மூச்சு விடவில்லை. "புது வீடு வருது, பொறு" என்பதோடு சரி. அவள் காதில் போட்டால் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிடும், தெரிந்தால் யாரும் வீட்டை விற்கமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. குற்றம் சொல்வதற்கில்லை. அந்த அம்மாள் வாய்க்கு ஏற்ற பூட்டை இன்னும் யாரும் செய்யவில்லை.

அவர் கண் மேல் வீட்டுத் தையல்காரம்மாவின் வீட்டின் மேலும் இருந்தது. சல்லிசாக வந்தால் அதையும் வளைத்துப் போடலாம். அதனால் அவளைப் படியில் பார்க்கும்போதெல்லாம் விரிசலைக் காட்டுவார்.

"பார்த்தீங்களாம்மா, இன்னும் நீண்டிருக்கு. என்னைக்காவது தலையில விழும். பொண்ணை வச்சிக்கிட்டு எதுக்கு இந்த வம்பு? குடுத்துட்டுப் போயிடுங்க. நான் வேணா எடுத்துக்கிறேன்."

தையல்காரம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. ஆனால் விற்கிற யோசனை மட்டும் வரவில்லை. நேரே கீழே இறங்கி, கடைக்காரர் மனைவியிடம் மூக்கைச் சிந்தினாள். இவள் உடனே தம்பியைக் கூப்பிட்டாள். தம்பி மொட்டைமாடி ஒழுக்கு அடைக்கிறவன். மாமாவிடம் 'வெட்டிப்பய' என்று பட்டம் வாங்கியவன். கோடை தொடங்கும்போதே தண்ணீர்த் தொட்டிக் குழாயைச் சரிபண்ணி, தளத்தையும் பூசிவிட்டான். மாமா ஒருநாளும் மாடி ஏறாதவர். சுவர் காய்வதைப் பார்த்தும், வெயில் காலம்தானே என்று இருந்துவிட்டார். போன வாரம் சரக்கு எடுக்க வெளியூர் போன அவர் அன்று காலை திரும்புவதற்குள் விரிசலும் போயிற்று. மாமாவிடம் முன்கூட்டிச் சொல்லாதது, அவர் செலவுக்கு மூக்கால் அழுவார் என்பதால்தான்.

கத்தி முடிப்பதற்குள் இன்ஜினியரம்மா வந்துவிட்டாள். சின்னச் சுத்தியலால் சுவரைத் தட்டிக்கொண்டே மேலே போனாள். பின்னாலேயே போன கடைக்காரர், யாரும் பார்க்காதபோது கடைச் சாவியால் புதுப் பூச்சைச் சுரண்டினார். நன்றாகப் பூசியிருந்தான் பாவி, சாவிதான் வளைந்தது.

"என்ன சார் பண்றீங்க?"

"எறும்பு மேடம்."

மொட்டைமாடியையும் பார்த்துவிட்டு இறங்கிய இன்ஜினியரம்மா கையைத் தட்டிக்கொண்டாள். "ஒழுக்கு இன்னும் இருந்திருந்தா கம்பி துருப்பிடிச்சு உள்ளேயே போயிருக்கும். நல்ல நேரத்துல நிறுத்திட்டீங்க. தூணெல்லாம் திடமா இருக்கு. இடிக்கத் தேவையே இல்ல. இன்னும் ரொம்ப வருஷம் நிக்கும்."

தையல்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், இது விழுற கட்டடம் மேடம்! நம்புங்க! இடிச்சாத்தான் எங்களுக்குப் புது வீடு!"

முதலில் வாய் திறந்தது மனைவிதான்.

"அப்போ, இருந்த நல்ல வீட்டை வித்துட்டு, விழுற கட்டடம்னு தெரிஞ்சேவா என்னைக் கூட்டிட்டு வந்தீங்க?"

"விழாதுடி."

"இப்பத்தான் விழும்னீங்க?"

"அதையேதான் என்கிட்டயும் சொன்னாரு," என்றாள் தையல்காரம்மா. "விழும்னு தெரிஞ்ச வீட்டை எதுக்குண்ணே வாங்கப் பார்த்தீங்க?"

ஏணி மேல் இருந்தவன் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டான். பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற தையல்காரம்மாவின் மகளும் சிரித்தாள். இன்ஜினியரம்மா அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டாள்.

எதிர்க் கட்டடம் தேறாது என்று ஆயிற்று. துணி காயப்போட்டவர்கள் மூட்டை கட்டி வாடகைக்குப் போனார்கள், புது வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். இப்போது இன்னும் உயரத்திலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். கண்ணாடிக் கடைக்காரர் வாங்கிய இரண்டு வீட்டையும், வாங்கிய விலைக்குக்கூட யாரும் கேட்கவில்லை. மழை விட்டதும் முதல் ஆளாக மொட்டைமாடி ஏறி, ஒழுக்கு விழுந்திருக்கிறதா என்று ஆசையாகத் தேடுகிறார். கட்டடத்தார் வேண்டுமென்றே அவரையே பராமரிப்புச் செயலாளராக்கி விட்டார்கள்.

தையல்காரம்மாவின் மகளை மச்சினன் கட்டிக்கொண்டான். அக்காவே பூட்டைத் திறந்துவிட, இரண்டாவது வீட்டில் குடியேறினார்கள். வாடகைப் பேச்சை மாமா இதுவரை எடுக்கவில்லை.