பதினேழாம் நம்பர் பில்லையும் ஒரு கித்தானும்

ஆம்பூர் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் சுமை தூக்கிய இருபத்துநாலு பேருக்கும் ரயில் கம்பெனி ஆளுக்கொரு பித்தளைப் பில்லை கொடுத்திருந்தது. என்னுடையது பதினேழு. காலையில் மேஸ்திரி எங்கள் மூஞ்சியைப் பார்க்கமாட்டார், பில்லையைத்தான் பார்ப்பார். பில்லை வந்தால் ஆள் வந்த மாதிரி. மூன்று நாள் வராவிட்டால் நான்காம் நாள் அது வேறு எவன் கையிலாவது கட்டியிருக்கும். அதனால் ஒருவனுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அவன் தம்பியோ மச்சானோ அதைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பான். மேஸ்திரிக்கு வெற்றிலை பாக்குக்கு ஏதோ போய்விடும். இதை நாங்கள் யாரும் தப்பு என்று நினைத்ததே இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பது ஆவணியில் கூட்ஸ் வண்டியின் வாகன் பலகை சரிந்து என் கால்மேல் விழுந்தது. பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. என் தங்கை அமிர்தவள்ளியின் புருஷன் பொன்னுரங்கம் மாதனூரில் கூலிக்கு ஏர் ஓட்டிக்கொண்டிருந்தான். ஆள் அனுப்பி அவனை வரவழைத்துப் பில்லையை அவன் கையில் நானே கட்டினேன்.

அந்த மாதம் வடக்கேயிருந்து வாகன் வாகனாகக் காய்ந்த மாட்டுத்தோல் வந்து இறங்கியது. ஷெட்டில் இறக்கி, பேரணாம்பட்டுக்குப் போகிற மாட்டு வண்டிகளில் ஏற்ற வேண்டும். பதனிடாத தோல், பலகை மாதிரி விறைத்திருக்கும், தூக்கினால் விளிம்பு பிடரியை அறுக்கும். தோல் தூக்குகிறவன் கழுத்தையும் முதுகையும் மூடிக்கொள்ள வேண்டும் என்று கம்பெனி பெரிய எழுத்தில் ஒரு பலகை மாட்டியிருந்தது. மூடிக்கொள்ளத் துணி மட்டும் கொடுக்கவில்லை.

நான் சொந்தச் செலவில் ஒன்று வைத்திருந்தேன். வேலூர் லாங் பஜாரில் கூடாரம் அடிக்கிற பழைய கித்தான் துண்டு ஒன்றைப் பேரம் பேசி வாங்கி, உள்ளே மெத்தென்று துணி வைத்து, தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் மூடுகிற மாதிரி தைத்துக்கொண்டது. பெண்டாட்டியைவிட அதை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஷெட்டில் கேலி செய்வார்கள். என் பெண்டாட்டி செல்லம்மாளும் அதையேதான் சொல்வாள்.

பொன்னுரங்கம் கிளம்பும்போது ஆணியில் தொங்கிய அதைப் பார்த்தான்.

"மச்சான், அந்தக் கித்தானையும் குடுத்தா கழுத்துக்கு நல்லா இருக்கும்."

"ஏர்மாட்டுக் கழுத்து உனுக்கு, இன்னா ஆவப்போவுது? நீ கிழிச்சுக்கினு வந்துடுவே மாப்ளே. கோணிய மடிச்சுப் போட்டுக்கோ."

சிரித்துக்கொண்டே போனான். நல்ல பையன், எதற்கும் கோபப்படமாட்டான். கோபமெல்லாம் எங்கள் வீட்டுச் சொத்து.

பன்னிரண்டாம் நாள் அவன் பிடரியில் ஒரு கொப்புளம் வந்தது. நடுவில் கறுத்திருந்தது. வலியே இல்லை என்றான். வலிக்காத புண்ணை யார் மதிக்கிறார்கள்? மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு வேலைக்குப் போனான். ஐந்தாம் நாள் கழுத்தும் முகமும் ஒன்றாகி மூச்சு முட்டியது. ரயிலில் போட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் செத்துப்போனான். மாட்டுக்கு வருகிற அடைப்பான்தான் இது, தோலிலிருந்து ஒட்டியது என்று டாக்டர் சொல்லி, அப்படியே எழுதியும் கொடுத்தார்.

எடுக்கிற அன்றைக்கு அமிர்தவள்ளி என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ கித்தான் குடுத்தியாமே அண்ணா. 'கனமா இருந்துச்சு, நான்தான் வேணாம்னுட்டேன்'னு எங்கிட்ட சொல்லிச்சு. போட்டுக்கினு போயிருந்தா பொழைச்சிருக்குமே. பாவி மனுஷன்!"

என் மானத்தைக் காப்பாற்ற அவன் அவளிடம் அப்படிச் சொல்லியிருக்கிறான். செத்தவனுக்குத் திட்டு விழுந்துகொண்டிருந்தது, நான் தலையைக் குனிந்து நின்றேன்.

ஆம்பூர் வக்கீல் அப்துல் சமத், தோல் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. அவரே ஆளனுப்பி எங்களைக் கூப்பிட்டார். "தோல் தூக்குறவனுக்கு இந்த நோவு வந்தா, வேலையில வாகன் மேல விழுந்து செத்த மாதிரியே சட்டம் எடுத்துக்கும்மா. அஞ்சு வருஷமா சட்டம் கீது, நம்ம பக்கம் கேக்கத்தான் ஆள் இல்ல. உனுக்கும் ரெண்டு பொண்ணுங்களுக்கும் கம்பெனி நஷ்டஈடு குடுத்தாவணும்" என்று அமிர்தவள்ளியிடம் சொல்லி மனுப் போட்டார்.

கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. பொன்னுரங்கம் என்று யாரும் தங்களிடம் வேலை செய்யவில்லை. அந்த நாட்களில் பதினேழாம் நம்பர் வேதாசலம் ஒருநாள் தவறாமல் வந்திருக்கிறான், அவன் உயிரோடுதான் இருக்கிறான். நான் சாகாமல் இருந்ததுதான் அவர்களுக்குச் சாட்சி!

"நீ வந்து உள்ளதைச் சொன்னாத்தான் கேஸ் நிக்கும் வேதாசலம். சொன்னா உன் வேல நிக்காது. ரெண்டையும் இப்பவே சொல்லிட்றேன்" என்றார் வக்கீல்.

மேஸ்திரி தனியாகக் கூப்பிட்டு, "வாய மூடிக்கினு இரு. தங்கச்சிக்கு நீயே சோறு போடு. வேல போச்சுன்னா ரெண்டு குடும்பமும் பட்டினிதான்" என்றார். அதில் நியாயம் இருந்தது, அதனாலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. செல்லம்மாளும் அதையே சொன்னாள், அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. அமிர்தவள்ளி மட்டும் எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகளோடு எங்கள் தெருவுக்கே குடிவந்திருந்தாள், என் வீட்டுக்கு அரிசி வாங்க வருவாள், கால் ஆறி நான் மறுபடி கட்டியிருந்த பில்லையை ஒருமுறை பார்ப்பாள், போய்விடுவாள். கேட்டிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன்.

மாசியில் வேலூரில் விசாரணை. நஷ்டஈட்டு கேஸ்களை விசாரிக்கிற கமிஷனர் தலைப்பாகை கட்டிய தமிழர். மேஸ்திரி முதலில் ஏறினார். பதினேழு தினமும் வந்தான் என்றார். "கழுத்த மூடாத எவனையும் நான் தோல் பக்கம் விட்டதே இல்லீங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அடுத்தது நான். அந்தப் பதினாறு நாளும் கால் வீங்கி வீட்டில் கிடந்தேன், பில்லையைப் பொன்னுரங்கத்திடம் கொடுத்தேன், மேஸ்திரிக்கும் தெரியும் என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் வேலை போய்விட்டது என்று தெரிந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மதராஸிலிருந்து வந்த கம்பெனி வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார். "தங்கைக்காகப் பொய் சொல்கிறாய், பரவாயில்லை. ஷெட்டிலேயே நல்ல கித்தான் உன்னுடையதுதானே?"

"ஆமாங்க."

"செத்தவனின் பிடரியைத் தோல் உரசியிருக்கிறது என்று ஆஸ்பத்திரிக் காகிதம் சொல்கிறது. உன் இடத்துக்கு வந்தவன், உன் பில்லையைக் கட்டியவன், உன் கித்தானைப் போட்டிருக்கமாட்டானா? வெறும் கழுத்தோடு எங்கேயோ மண்டியில் தோல் தூக்கியவனை எங்கள் ஆள் என்கிறாய்."

தொலைந்துபோய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். அவன் வேண்டாம் என்றான் என்றும் சொல்லியிருக்கலாம், செத்தவனே அப்படித்தானே சொல்லி வைத்திருந்தான். அப்துல் சமத் என்னையே பார்த்தார், அவருக்கும் இது தெரியாது. சுவரோரம் அமிர்தவள்ளி சின்னவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டான். நான்தான் குடுக்கல" என்றேன்.

"ஏன்?"

"கிழிஞ்சிடும்னு குடுக்கலீங்க."

கம்பெனி வக்கீலின் சிரிப்பு நின்றுவிட்டது. கமிஷனர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அது இப்போது எங்கே?" என்று கேட்டார்.

"வூட்ல ஆணியில தொங்குதுங்க. ஒரு தையல்கூட பிரியல."

நான் அங்கேயே அழுதுவிட்டேன். அமிர்தவள்ளி பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. கமிஷனர் மேஸ்திரியை மறுபடி கூப்பிட்டு, அந்தப் பதினாறு நாளும் பதினேழாம் நம்பரின் மூஞ்சியைப் பார்த்தாயா, கழுத்தைப் பார்த்தாயா என்று கேட்டார். மேஸ்திரி பில்லையைப் பார்த்தேன் என்றார்.

திரும்பி வருகிற ரயிலில் அமிர்தவள்ளி பெட்டியின் அந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டாள். ஆம்பூர் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். மறுநாள் காலை மேஸ்திரி கேட்பதற்கு முன்னாலேயே பில்லையை அவிழ்த்து மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. பில்லை யார் பெயரில் இருந்தாலும், மேஸ்திரிக்குத் தெரிந்தே கம்பெனிச் சுமையைத் தூக்கியவன் கம்பெனி ஆள்தான், இப்படியொரு அவமானத்தை எவனும் கற்பனை பண்ணிச் சொல்லமாட்டான் என்று கமிஷனர் எழுதியிருந்தார். நஷ்டஈடு முழுவதும் அமிர்தவள்ளிக்கும் குழந்தைகளுக்கும் என்று தீர்ப்பு. வக்கீல் ஓடி வந்து சொன்னார். தங்கை மட்டும் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அதற்குள் நான் ஆம்பூரிலேயே ஒரு தோல் மண்டியில் கூலிக்குச் சேர்ந்திருந்தேன். அதே காய்ந்த தோல்தான். பில்லை கிடையாது, கழுத்தை மூடச் சொல்கிற பலகைகூடக் கிடையாது. கித்தான் ஆணியிலேயே தொங்கியது, எனக்குத் தொட மனம் வரவில்லை. கோணியைப் போட்டுக்கொண்டுதான் போய்வந்தேன். செல்லம்மாள் சொல்லிப் பார்த்தாள், கத்திவிட்டேன்.

ஒருநாள் விடியும் நேரம் கிளம்பிக்கொண்டிருந்தேன். அமிர்தவள்ளி வந்து வாசலில் நின்றாள். என் தோளிலிருந்த கோணியைப் பார்த்தாள்.

"இன்னா வேலைக்குப் போற?"

"தோல் மண்டிக்கு."

நேராக உள்ளே போனாள். ஆணியிலிருந்து கித்தானை எடுத்து உதறினாள். கோணியை இழுத்துத் திண்ணையோரம் எறிந்துவிட்டு, கித்தானை என் தலைமேல் போட்டு, கழுத்துக் கயிற்றை இழுத்து முடிந்தாள்.

"எனுக்கு இன்னும் கோவம் ஆறல அண்ணா. ஆறுமோ ஆறாதோ தெரியல. ஆனா என் கதி அண்ணிக்கு வரக்கூடாது. தெனமும் இத்தப் போட்டுக்கினுதான் போவணும், நான் வந்து பாப்பேன்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அன்றிலிருந்து அதைப் போட்டுக்கொண்டுதான் போகிறேன். அவள் தினமும் வந்து பார்க்கிறாள்.