பேட்டியாளரின் கழுத்து

பேட்டியாளர் தலையை ஆட்டினால் எதிரில் இருப்பவர் சொன்னது உண்மையாகிவிடும். இது முதலில் தெரியவந்தது பாலம் விஷயத்தில். ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டி முடித்தாகிவிட்டது என்று பொதுப்பணி அமைச்சர் தொலைக்காட்சியில் சொன்னார். பேட்டியாளர் மோவாயைக் கொஞ்சம் இறக்கி, கண்ணைப் பாதி மூடி, நிதானமாகத் தலையாட்டினார். நிகழ்ச்சி ஒளிபரப்பான மறுநாள் காலையில் ஆற்றங்கரைக்குப் போனவர்கள் அங்கே பாலம் நிற்பதைப் பார்த்தார்கள். நல்ல பாலம். கைப்பிடிச் சுவருக்கு வெள்ளைகூட அடித்திருந்தது. ஆனால் அமைச்சர் பாலத்தைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருந்தார், அதில் ஏறும் சாலையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆகவே பாலம் இந்தக் கரையில் ஆள் உயரத்துக்கு மேலே அந்தரத்தில் தொடங்கி, அந்தக் கரையில் அதே உயரத்தில் அந்தரத்தில் முடிந்தது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தவர்கள், மேலே காற்று பிரமாதம் என்றார்கள். மக்கள் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு ஏணிக்குப் பழகிக்கொண்டார்கள்.

அந்தத் தலையாட்டல் ஒரே நாளில் வந்ததல்ல. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நிலையத்தில் இருந்தது ஒரே ஒரு கேமரா. அது விருந்தினரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். பேட்டி முடிந்து விருந்தினர் காரில் ஏறிப் போன பிறகு கேமராவை இந்தப் பக்கம் திருப்பி, காலி நாற்காலியைப் பார்த்து ஆழ்ந்து கேட்பதுபோல் தலையாட்டச் சொல்வார்கள். அதைத் துண்டு துண்டாக வெட்டி நடுநடுவே ஒட்டிக்கொள்வார்கள். மற்ற பேட்டியாளர்களுக்கு இது லேசில் வராது. காலி நாற்காலியைப் பார்த்தால் சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்குக் கண் கடிகாரத்துக்குப் போய்விடும். நம்மவருக்கோ ஆள் இருக்கும்போது வருவதைவிட ஆள் போன பிறகுதான் நன்றாக வந்தது. பேச்சுத் தொந்தரவு இல்லாமல் முழுக் கவனத்தோடு கேட்டார். வியப்புக்கு ஒரு ஆட்டல், இரக்கத்துக்கு ஒன்று, லேசான சந்தேகத்துக்கு ஒன்று, அந்தச் சந்தேகம் தீர்ந்ததற்கு இன்னொன்று என்று வகைவகையாக வைத்திருந்தார். இவரைப் போலக் காது கொடுத்துக் கேட்கிற மனிதர் நாட்டிலேயே இல்லை என்று நேயர்கள் உருகினார்கள். பிற்பாடு நிலையத்துக்கு நிறைய கேமராக்கள் வந்தன, விருந்தினர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் அவர் பார்த்தது அந்தப் பழைய காலி நாற்காலியைத்தான். அடுத்த கேள்வி என்ன என்பதை அவர் காதில் செருகியிருந்த சின்னக் கருவிக்குள் கட்டுப்பாட்டு அறையிலிருந்து சொல்லிவிடுவார்கள். அந்தக் கருவியில் வந்த எதையும் அவர் கேட்காமல் விட்டதில்லை. உலகத்தில் அவர் முழுசாகக் கேட்டது அது ஒன்றைத்தான்.

பாலத்துக்குப் பிறகு நிலையத்தின் வாசலில் கூட்டம் தாங்கவில்லை. தனக்கு வயது இருபத்தொன்பது என்று ஒரு நடிகை சொன்னார், பேட்டியாளர் ஆட்டினார், அன்றிலிருந்து அவருக்கு இருபத்தொன்பதுதான். அவருடைய மகனுக்கு முப்பத்தொன்று முடிந்தபோது இருவரும் பேசிக்கொள்வதில் சில சிரமங்கள் ஏற்பட்டன. தன் நாவல் இல்லாத வீடே கிடையாது என்று ஒரு எழுத்தாளர் சொன்னார். மறுநாள் எல்லா வீட்டிலும் அதன் பிரதி ஒன்று இருந்தது, ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் வைக்கச் சரியான கனத்தில். எளிமையானவன் நான், இரண்டு சட்டைக்கு மேல் என்னிடம் கிடையாது என்று உருகிய ஒரு தொழிலதிபர், தன் வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்துவிட்டு மயக்கமடைந்தார். அதற்கப்புறம் பெரிய மனிதர்கள் வக்கீலிடம் பதிலை எழுதி வாங்கிக்கொண்டுதான் வந்தார்கள். பேட்டியாளருக்கு விருதுகள் குவிந்தன. இவ்வளவுக்கும் அவர் ஒரு வார்த்தை பொய் சொன்னதில்லை. உண்மையைச் சொன்னால், அவர் சொந்தமாக ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

நாளாக நாளாகக் கழுத்து நன்றாகப் பழகிவிட்டதால் அதற்கு ஒளிபரப்புகூடத் தேவைப்படவில்லை. வினை அங்கேதான் வந்தது.

அவருடைய மனைவி கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். வருகிறவர்களை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப தெரியுதா? இப்ப?" என்று நாள் முழுக்கக் கேட்பது வேலை. அந்த வேலையில் அவர் யாரையும் தலையாட்ட விடமாட்டார். வெட்கப்பட்டுக்கொண்டு தெரியாத எழுத்துக்குத் தலையாட்டுகிறவர்கள்தான் தப்பான கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய் மறுவாரம் தலைவலியோடு திரும்பி வருகிறவர்கள். ஆகவே வாயைத் திறந்து சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வில்லை கிடையாது. வீட்டில் இந்தச் சட்டம் செல்லுபடியாகவில்லை. பேட்டியாளர் காலைப் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரு நாள் காலையில் மனைவி தேநீரை அவர் முன்னால் வைத்துவிட்டு ஏதோ சொன்னார், ஆட்டல். இன்னொன்று சொன்னார், ஆட்டல். மூன்றாவதாக, "உங்களுக்கு நான் இருக்கிறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்" என்றார். பேட்டியாளர் பக்கத்தைப் புரட்டியபடி, இரக்கத்துக்கு வைத்திருந்த ஆட்டலை ஆட்டினார்.

அந்த நொடியிலிருந்து அவருக்கு மட்டும் மனைவி கண்ணுக்குத் தெரியவில்லை, குரல் கேட்கவில்லை. மற்ற எல்லோருக்கும் அந்த அம்மாள் எப்போதும்போல இருந்தார். இது எப்போது அவருக்கு உறைத்தது என்று கேட்டால், ஒரு மழைக்காலம் வந்து, போய், சுவரில் ஈரம் காய்ந்த பிறகுதான். தேநீர் நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது, சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது, அவருக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. இதில் பெரிய கொடுமை, அந்த அம்மாளுக்கும் படவில்லை என்பதுதான். கேட்டால் பதில் வராது, எதிரில் நின்றால் பார்வை ஊடுருவிப் போகும். இதில் புதுசாக என்ன இருக்கிறது?

விடுமுறை நாளில் மனைவியின் தம்பி வந்திருந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. தம்பி காலி சோபாவைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசினார், சிரித்தார், பிறகு இவர் பக்கம் திரும்பினார்.

"மாமா, அக்கா உங்களைத்தான் கேக்குறாங்க. பதில் சொல்லுங்க."

"எங்க இருந்து கேக்குறா?"

"என்ன மாமா விளையாடறீங்க? உங்க பக்கத்துல இருந்துதான்."

பேட்டியாளர் கையை நீட்டினார். அவருக்குச் சோபா உறைதான் தட்டுப்பட்டது. தம்பியின் கண்ணுக்கு அந்தக் கை அக்காவின் தோளின் மேல் இருந்தது. தம்பி கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடைசி வரை தபால்காரர் வேலையை அவரே பார்க்கவேண்டியதாயிற்று. அன்றைக்கு நான் சொன்னதற்குத் தலையாட்டினாரே, அதனால்தான் இது என்கிறாள் அக்கா. எதற்கு ஆட்டினேன் என்கிறார் மாமா. அதுகூடத் தெரியாதா என்கிறாள் அக்கா. கடைசியில் அக்கா சொன்னதை எப்படி எடுத்துச் சொல்வது என்று தெரியாமல் தம்பி எழுந்து நின்றுகொண்டார்.

"கடைக்கு மேல ஒரு ரூம் காலியா இருக்காம் மாமா. அடுத்த வாரம் அங்க போயிடறேன்னு சொல்றாங்க. கோபமெல்லாம் இல்லையாம். அங்க கீழ வர்றவங்களாவது வாயைத் திறந்து பேசுவாங்களாம்."

பேட்டியாளருக்குப் பயம் வந்தது. அமைச்சர்கள், கொலைகாரர்கள், ஒரு சர்வாதிகாரி வரை எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள், அப்போதெல்லாம் வராத பயம். மனைவியின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றார், கல்யாணப் புகைப்படம்தான் வந்தது. அதில் அந்த அம்மாளும் இருபத்தொன்பதைத் தாண்டவில்லை.

மறுநாள் அவர் நிலையத் தலைவரிடம் போய், இந்த வாரம் விருந்தினர் என் மனைவி என்றார். அந்தக் காதுக்கருவி வழியாக வந்தால் கேட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை. அவங்க என்ன சாதிச்சிருக்காங்க என்று தலைவர் கேட்டார். பேட்டியாளர் யோசித்துவிட்டு, இத்தனை வருஷம் என்னோட இருந்திருக்காங்க என்றார். தலைவரும் யோசித்தார். அவரும் பேட்டியாளரோடு வேலை செய்தவர்தான். ஒப்புக்கொண்டார்.

அடுத்தது கழுத்து. மனைவி கோபத்தில் ஏதாவது சொல்லி, இது பாட்டுக்கு ஆடித் தொலைத்தால் எல்லாம் முடிந்தது. எலும்பு மருத்துவரிடம் போய்க் கழுத்துப் பட்டை வாங்கிக்கொண்டார். வலியா என்று கேட்டார் மருத்துவர். இல்லை, பழக்கம் என்றார் இவர். பஞ்சு அடைத்த அந்தப் பட்டைக்கு மேலே முகத்தை வைத்துக்கொண்டு படப்பிடிப்பு அரங்கில் உட்கார்ந்தபோது எதிரில் இருந்தது வழக்கமான காலி நாற்காலி. ஒலிப்பதிவாளர் குனிந்து காற்றில் ஒரு சின்ன மைக்கைக் குத்தினார், அம்மா கொஞ்சம் நிமிர்ந்து உக்காருங்க என்றார், எதற்கோ சிரித்தார். அப்புறம் பேட்டியாளரின் காதுக்குள் ஒரு மூச்சு கேட்டது. அது அவருக்குத் தெரிந்த மூச்சு. கண்ணாடியைத் துடைப்பதற்கு முன்னால் மனைவி அதன்மேல் ஊதுகிற மூச்சு.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க," என்று தொடங்கிவிட்டார் பழக்கத்தில்.

"என்ன திடீர் மரியாதை?" என்றது காதுக்குள் குரல். "அது என்ன கழுத்துல? எங்கயாவது விழுந்தீங்களா?"

நான் எங்கேயும் விழவில்லை, நீ போகக் கூடாது என்றார். இதற்கு ஒரு சுலபமான வழி வைத்திருந்தார். "நான் உங்களுக்குத் தெரியறேன்னு ஒரே ஒரு தடவை சொல்லிடு. இதைக் கழட்டிட்டுத் தலையாட்டிடறேன். வேலை முடிஞ்சுது."

"அந்தப் பாலம் முடிஞ்ச மாதிரியா?" என்றார் மனைவி. "தினமும் நான் ஏணி வெச்சு ஏறணுமா? அதைக் கழட்டுங்க. ஆனா ஆட்டக் கூடாது. கேட்டா வாயைத் திறந்து சொல்லணும். இப்ப தெரியுதா?"

பட்டையைக் கழற்றியதும் கழுத்து தானாகப் புறப்பட்டது. பேட்டியாளர் இரண்டு கையாலும் மோவாயைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல," என்றார். "வெறும் நாற்காலிதான் இருக்கு."

தன் வாழ்க்கையிலேயே அவர் கேமரா முன்னால் இல்லை என்று சொன்ன முதல் பதில் அது. உடனே நாற்காலிக்குக் கீழே ஒரு செருப்பின் நுனி வந்தது. மனைவி அடுத்த வில்லையைப் போட்டார். போன வருடம் கண் இமையில் கட்டி எடுத்தார்களே, எந்தக் கண்? அத்தனை நாள் பஞ்சு ஒட்டிக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேனே? வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தார் பேட்டியாளர், சரியாக இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. பிறகு, "நான் பாக்கவே இல்ல" என்றார். முழங்கால் வரை வந்தது. தம்பி கடை வைத்தபோது நான் என்ன விற்றேன்? கேட்டுக்கொள்ளவில்லை. என் கைக்கு என்ன ஆயிற்று, ஏன் இடது கையால் தேநீர் வைக்கிறேன்? கவனிக்கவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் அவருடைய குரல் உடைந்துகொண்டே போனது, நாற்காலியில் ஆள் நிறைந்துகொண்டே வந்தது. மடி வந்தது, கைகள் வந்தன, தோள் வந்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து யாரோ விளம்பர இடைவேளை என்று கத்தினார்கள். காதுக்கருவியில் வந்த ஒரு கட்டளையை முதல்முறையாக அவர் கேட்கவில்லை.

கடைசியில் முகம் வந்தது. நரைத்திருந்தது. அந்த நரையை அவர் அப்போதுதான் பார்த்தார். பேட்டியாளர் கேமரா, விளக்கு, மானம் எல்லாவற்றையும் மறந்து அழுதார். அழுதுகொண்டே நாற்காலியின் விளிம்புக்கு வந்து, மனைவியின் முகத்துக்கு வெகு அருகில் போய் இமைகளைப் பார்த்தார்.

"வலது கண்ணு," என்றார்.

நேயர்களுக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. அவர்களுக்கு அந்த அம்மாள் முதலிலிருந்தே தெரிந்துகொண்டிருந்ததால், ஒரு மணி நேரம் ஒரு பெண் கேள்வி கேட்பதையும், பெரிய பேட்டியாளர் ஒன்றுமே தெரியாமல் முழிப்பதையும் எதற்குக் காட்டுகிறார்கள் என்று புரியவில்லை. ஒரு தடவைகூடத் தலையாட்டவில்லையே, இதெல்லாம் ஒரு பேட்டியா என்று திட்டினார்கள். நிலையத் தலைவர் பேட்டியாளருக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார். நிகழ்ச்சியை நிறுத்தவில்லை. பெட்டி பெட்டியாகப் பழைய தலையாட்டல்கள் கையிருப்பில் இருந்தன, அவற்றையே வெட்டி ஒட்டி இன்னும் சில வருடம் ஓட்டினார்கள். அந்த வகையில் நாட்டுக்கு மேலும் இரண்டு பாலமும், அந்தரத்தில் ஒரு மருத்துவமனையும் கிடைத்தன.

கடைக்கு மேலிருந்த அறையை ஒரு தையல்காரர் வாடகைக்கு எடுத்துக்கொண்டார். பேட்டியாளரின் வீட்டில் இப்போதும் காலையில் பத்திரிகை வருகிறது. அவர் அதை விரித்துக் கொஞ்ச நேரம் ஆனால் மனைவியின் விரல்கள் மங்கத் தொடங்கும், தலையங்கம் வரை போனால் முழங்கை வரை போய்விடும். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "தெரியுதா?" என்பார் மனைவி. பேட்டியாளர் பத்திரிகையைத் தாழ்த்தி, கழுத்தை அசைக்காமல், உற்றுப் பார்ப்பார். "கை இல்ல. நேத்து ஏதோ சொன்னியே, நான் சரியா கேக்கல. மறுபடி சொல்லு," என்பார். மனைவி முதலிலிருந்து சொல்லத் தொடங்குவார், சொல்லி முடிப்பதற்குள் தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி கை வந்துவிடும்.